பர்டிக்கு அந்தப் பணம் தகும்

2025 மே மாதம் என்எஃப்எல் என்னும் அமெரிக்கக் கால்பந்து லீக்கின் சான் பிரான்சிஸ்கோ ஃபோர்ட்டி நைனர்ஸ் அணி, பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பிராக் பர்டியோடு 5 ஆண்டுகளுக்கு 265 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்குச் சராசரி 53 மில்லியன். அந்த ஆண்டு ஓர் அணி எல்லா வீரர்களுக்கும் சேர்த்துக் கணக்கு காட்டவேண்டிய சம்பள உச்சவரம்பு 279.2 மில்லியன். ஐந்தில் ஒரு பங்கை ஒரே ஆளுக்குக் கொடுப்பதா என்று கேட்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் நேரே வகுத்துவிடுகிறார்கள். பிசகு அங்கேதான்.

இதை நம்மூர் சிங்கப்பூர் கார்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். கார் வைத்திருக்க வாங்கவேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇ-க்கு 100,000 வெள்ளியை முதலிலேயே கட்டிவிட்டு, ஆண்டுக்கு 10,000 என்று பத்தாண்டுக்குப் பிரித்துக் கணக்குப் போடுகிறோம். ஒப்பந்தம் போட்டதும் வீரருக்குத் தரும் சைனிங் போனஸும் அப்படித்தான். பணம் வீரர் கைக்குப் போய்விடும். உச்சவரம்புக் கணக்கில் மட்டும் அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள். போனஸ் 50 மில்லியன் என்றால் ஆண்டுக்கு 10. ஆனால் காரை முன்கூட்டியே ஸ்கிராப் செய்தால் மிச்சக் காலத்துக்கான சிஓஇ பணம் திரும்ப வரும். இங்கே நேர்மாறு. இரண்டு ஆண்டில் ஆளை அனுப்பினால், எழுதாமல் நிற்கும் 30 மில்லியனும் ஒரே ஆண்டின் தலையில் விழும். ஜூன் 1-ஐ ஒட்டிய விதியைப் பயன்படுத்தினால் இரண்டு ஆண்டாகப் பிரிக்கலாம், அவ்வளவே. இதைத்தான் டெட் மணி என்கிறார்கள்.

டென்வர் அணி அடிபட்டது இதில்தான். குவார்ட்டர்பேக் ரசல் வில்சனின் பழைய ஒப்பந்தத்தில் இன்னும் 2 ஆண்டு பாக்கி இருந்தது. அவர் அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடுமுன், 2022 செப்டம்பரில் 245 மில்லியனுக்கு நீட்டித்தார்கள். 2024 மார்ச்சில் அனுப்பிவிட்டார்கள். கணக்கில் நின்ற டெட் மணி 85 மில்லியன். தொகையைவிட அவசரம்தான் அவர்களைக் கெடுத்தது.

பர்டி கதை வேறு. அணிகள் புது வீரர்களை வரிசையாகப் பொறுக்கும் 2022 தேர்வில் கடைசி ஆள், 262-ஆவது. மூன்று பருவம் பார்த்த பிறகே பணம். உத்தரவாதத் தொகை சுமார் 180 மில்லியன். அணி உண்மையில் மாட்டிக்கொள்வது இந்த எண்ணுக்குத்தான், 265-க்கு அல்ல.

சுற்றியிருப்பவர்கள்தான் அவரைத் தூக்கி நிறுத்துகிறார்கள் என்ற வாதத்துக்கு 2024 பருவமே பதில். 2023-இல் ஒரு எறிதலுக்கு 9.6 யார்டு, லீக்கிலேயே முதலிடம். அடுத்த பருவம் பந்தோடு ஓடும் நட்சத்திரம் மெக்காஃப்ரி ஆடியது 4 ஆட்டம். எறிதலைப் பிடிக்கும் அயூக்கின் முழங்கால் அக்டோபரில் போயிற்று. அணி 6 வெற்றி, 11 தோல்வி. அப்போதும் பர்டிக்கு 8.5 யார்டு. எதிரணி பந்தைப் பறித்த 12 இன்டர்செப்ஷன் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

நீங்களே சோதிக்கலாம். பருவத் தொடக்கத்தில் ஞாயிறு ஆட்டங்கள் பல நமக்குத் திங்கள் அதிகாலை 1 மணிக்குத்தான் தொடங்கும், அதனால் காலையில் எம்ஆர்டி ரயிலில் புள்ளி எடுக்கும் டச்டவுன் துணுக்குகளோடு நிறுத்திக்கொள்பவர்கள் அதிகம். அதை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள். 10 யார்டு முன்னேற ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில், மூன்றாவதில் இன்னும் 8 யார்டுக்கு மேல் தேவைப்படும் தருணங்களை மட்டும் தேடிப் பாருங்கள். மற்ற நேரங்களில் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுப்பதுபோல் பாவனை காட்டினால் எதிரணியின் நடுவரிசைத் தடுப்பாளர்களான லைன்பேக்கர்கள் இரண்டடி முன்னே வருவார்கள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் இடம் திறக்கும். மூன்றாவது முயற்சியில் அந்தப் பாவனையை யாரும் நம்பமாட்டார்கள். அப்போது பின்காலைக் கவனியுங்கள். பின்வாங்கி வந்து அந்தக் கால் ஊன்றியதும் பந்து கையைவிட்டுப் புறப்பட்டால் அவர் முன்பே படித்துவிட்டார் என்று அர்த்தம். கால் ஊன்றியபின் இரண்டு முறை துள்ளினால் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். பர்டி பெரும்பாலும் முதல் வகை.

நைனர்ஸ் இழந்தது மலிவு விலைக் காலத்தை. 2024-இல் பர்டியின் சம்பளம் 1 மில்லியனைக்கூடத் தொடவில்லை; மிச்சமான இடத்தில் நட்சத்திரங்களை வைத்திருந்தார்கள். அவர்களில் டீபோ சாமுவேல் 2025 மார்ச்சில் வாஷிங்டன் அணிக்குப் போனார், கிரீன்லாவும் ஹுஃபாங்காவும் டென்வருக்கு. அந்த இடங்களை இனி முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் பையன்களை வைத்துத்தான் நிரப்பவேண்டும்.