பொங்கலன்று கட்டவிருந்த 1,630 பவுண்

2024 டிசம்பர் 12. பிரித்தானியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க எழுத வேண்டிய லைஃப் இன் த யூகே சோதனைக்காக வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு மணித்தியாலம் ரயிலில் போய் இறங்கினேன். போன், மணிக்கூடு, பர்ஸ் எல்லாவற்றையும் லொக்கரில் வைக்கச் சொன்னார்கள். சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொன்னார்கள். காதைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். கடைசியில் மேசையில் இருந்த பெண் என் பிஆர்பி என்கிற வதிவிட அட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திரும்பவும் அட்டையைப் பார்த்தார்.

"பதிவில் இருப்பது வேறு ஆள்" என்றார்.

படத்தில் இருப்பது நான்தானே என்றேன். படம் சரி, பெயர் பிழை என்றார். ஒன்லைனில் பதியும்போது என் பெயரை முதற்பெயர் என்றும் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்றும் போட்டிருந்தேன். சம்பளப் பட்டியலில் அப்படி, வங்கியில் அப்படி, டொக்டரிடமும் அப்படித்தான். அட்டையில் மட்டும் தலைகீழ்: அப்பா முதற்பெயர், நான் குடும்பப் பெயர். இரண்டும் அதே எழுத்துகள்தானே, இடம்தானே மாறியிருக்கிறது என்று கெஞ்சினேன். அவர் குரலை உயர்த்தவும் இல்லை, இரங்கவும் இல்லை. எனக்குப் பின்னால் நின்றவரை வரச் சொன்னார். கட்டிய 50 பவுண் அதோடு சரி. பெயர் ஒத்துவராவிட்டால் சோதனையும் இல்லை, காசும் திரும்பாது என்று பதியும் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. நான்தான் வாசிக்கவில்லை.

இந்தத் தலைகீழ் எங்கே தொடங்கியது என்று ரயிலில் வரும்போது யோசித்தேன். 2015இல் கொழும்பில் பாஸ்போர்ட்டுக்குப் போனபோது, வெளியே ஒரு கடையில் 200 ரூபாய் கொடுத்துப் படிவம் நிரப்பினேன். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முன்னால், என் பெயர் பின்னால். கடைசியில் இருப்பது குடும்பப் பெயர் என்று அந்தத் தம்பி நிரப்பிவிட்டார். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்றே ஒன்று இல்லை என்பதை எந்தப் படிவம் கேட்டிருக்கிறது? அந்தப் பாஸ்போர்ட்டில் மாணவர் விசா, அதிலிருந்து அகதி அட்டை, அதிலிருந்து அகதிகளுக்குப் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தருகிற பயணப் பத்திரம், இப்போது அட்டைக்குப் பதிலாக ஒன்லைனில் இருக்கிற ஈ-விசா வரை அதே ஒழுங்குதான்.

ஆகவே நீங்கள் எதையும் பதிய முதல், காட்டப்போகிற பத்திரத்தையோ ஈ-விசாவையோ திறந்து வைத்துக்கொண்டு, அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து போடுங்கள். 'டிஎச்' வருகிற இடத்தில் வெறும் 'டி' போட்டாலும் வில்லங்கம்தான்.

அடுத்த இடம் ஜனவரி 8க்குத்தான் கிடைத்தது. பிஆர்பி டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டதால் பயணப் பத்திரத்தைக் கொண்டுபோனேன். சோதனையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியென்றால் பாஸ். எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிமாரையும் பாடமாக்கிப் போனேன், ஒருத்தியைப் பற்றியும் கேட்கவில்லை. லண்டனில் முதல் கறிக்கடையை 1810இல் திறந்தவர் சேக் டீன் மஹோமெட் என்று சோதனைக்கான கைநூலில் ஒரு வரி வரும். இந்த நாட்டுக்கு ஷாம்பு போடுகிற பழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தானாம். அது ஒன்றுதான் எனக்கு மனதில் நின்ற சரித்திரம்.

ஆங்கிலச் சோதனை முன்பே முடிந்திருந்தது. அதில் ஒரு எச்சரிக்கை மட்டும். பிரஜாவுரிமைக்கு வேண்டியது பி1 என்கிற மட்டம், பேசுவதும் கேட்பதும், அதுவும் அரசு பட்டியலிட்ட நிறுவனத்தில் எடுத்தது. என் மனைவி அதற்கு ஒரு படி கீழான ஏ2 எடுத்துச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டாத குறை. அது வாழ்க்கைத் துணை விசாவை நீட்டிக்கிறவர்களுக்குக் கேட்பது, இதற்குச் செல்லாது. இரண்டு வருடம் கல்லூரிக்குப் போய் வாங்கிய ஈசோல் என்கிற ஆங்கிலச் சான்றிதழும் 2015 நவம்பருக்குப் பிறகு செல்லாது. ஆகவே இந்தச் சுற்றில் நான் மட்டும்தான் போனேன்.

பிறகு, விண்ணப்பத்தில் உங்களை அறிவேன் என்று கையெழுத்து வைக்கிற சாட்சிக்காரர்கள். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஆசிரியர், கணக்காளர், மதகுரு என்று ஏதாவது தொழில்முறைத் தகுதி உள்ளவர். மற்றவர் பிரித்தானியப் பாஸ்போர்ட் உள்ளவர், 25 வயதுக்கு மேல். இருவரும் உங்களை மூன்று வருடமாவது அறிந்திருக்க வேண்டும். உங்களுக்கு உறவாக இருக்கக்கூடாது. அத்தோடு ஒருவருக்கொருவரும் உறவாக இருக்கக்கூடாது! நான் கேட்டு வைத்திருந்தது தமிழ்ப் பள்ளி ஆசிரியரையும் அவருடைய மனைவியையும். இருவரும் சந்தோசமாகக் கையெழுத்து வைத்துத் தேத்தண்ணியும் தந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து படிவத்தை வாசித்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. எங்கள் ஊர்க்காரர்களில் ஒருவருக்கொருவர் சொந்தமில்லாத இரண்டு பேரைத் தேடுவது லேசான வேலையா? ஒருவர் மற்றவருடைய மச்சானாக இருப்பார், இல்லாவிட்டால் சம்பந்தி. கடைசியில் ஆசிரியரை வைத்துக்கொண்டு, மனைவியின் இடத்துக்கு எங்கள் கடையில் வேலை செய்கிற, பிரித்தானியப் பாஸ்போர்ட் உள்ள ஒரு கானாக்காரரைப் பிடித்தேன்.

இதெல்லாம் முடிய ஜனவரி 13 ஆகிவிட்டது. எனக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தது 2023 டிசம்பர் 19. அதற்குப் பிறகு விண்ணப்பிக்க ஒரு வருடம் பொறுக்க வேண்டும், அதுவும் தாண்டிவிட்டது. அடுத்த நாள் தைப்பொங்கல். நல்ல நாள், இன்றைக்கே காசைக் கட்டிவிடுவோம் என்று பொங்கிப் படைத்துவிட்டு லப்டொப்பைத் திறந்தேன். விண்ணப்பக் கட்டணம் அப்போது 1,630 பவுண். வங்கி அட்டை இலக்கம் எல்லாம் அடித்தாயிற்று.

அந்த நேரம் மனைவியின் போன் ஒரு பழைய படத்தைக் காட்டியது. 'ஐந்து வருடங்களுக்கு முன்' என்று போட்டு, திருச்சி காந்தி மார்க்கெட்டில் அம்மா கரும்புக் கட்டோடு நிற்கிற படம்.

"இஞ்சருங்கோ, கையை எடுங்கோ" என்றாள்.

விசயம் இதுதான். பிரஜாவுரிமைக்கு 5 வருடக் கணக்கு உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். 5 வருடத்தில் 450 நாளுக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது, கடைசி ஒரு வருடத்தில் 90 நாளுக்கு மேல் கூடாது என்பதும் தெரியும். பலர் கவனிக்காதது, அந்த 5 வருடம் தொடங்குகிற நாளன்று நீங்கள் நேரில் இந்த நாட்டு மண்ணில் நின்றிருக்க வேண்டும் என்பதை. 2025 ஜனவரி 14இல் விண்ணப்பித்தால் அந்த நாள் 2020 ஜனவரி 15. அந்த வருடம் பொங்கல் 15ஆம் திகதி. அன்றைக்கு நான் திருச்சியில் அம்மாவோடு பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருந்தேன்.

என் பயணப் பத்திரம் இலங்கையைத் தவிர மற்ற நாடுகளுக்குத்தான் செல்லும். அதனால் அம்மா கொழும்பிலிருந்து திருச்சிக்கு வந்தார், நாங்கள் லண்டனிலிருந்து போனோம். அந்த இந்திய விசாவுக்கு அலைந்ததைத் தனியாக எழுத வேண்டும். 2020 ஜனவரி 11 போய் பெப்ரவரி 9 திரும்பினோம். மொத்தம் ஒரு மாதம். 450 நாளில் அது ஒரு கணக்கே இல்லை என்று நான் அந்தப் பயணத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

விசேட காரணம் இருந்தால் இந்த நிபந்தனையை விட்டுக்கொடுக்க அதிகாரிக்கு இடமுண்டு. அம்மாவோடு பொங்கியது விசேட காரணத்தில் சேராது என்று எனக்கே தெரியும். நிராகரித்தால், கட்டணத்தில் பிரஜாவுரிமை விழாவுக்கான பங்கைத் தவிர மற்றக் காசு போனதுதான். லப்டொப்பை மூடிவைத்தேன். பொங்கல் ஆறிவிட்டிருந்தது.

டிசம்பர் 12இல் அந்தப் பெயரைச் சரியாகப் போட்டிருந்தால், டிசம்பர் 20க்கும் ஜனவரி 10க்கும் இடையில் ஒரு பிரச்சினையும் இல்லாமல் விண்ணப்பித்திருக்கலாம். தொடக்க நாள் 2019 டிசம்பர் கடைசியிலோ 2020 ஜனவரி தொடக்கத்திலோ விழுந்திருக்கும். அப்போது நான் இங்கே குளிரில்தான் நின்றேன். இனி பெப்ரவரி 9 வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பழைய போர்டிங் பாஸ் துண்டைத் தேடி எடுத்து, திகதிகளை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டினேன். நீங்களும் எழுதி ஒட்டுங்கள். பயணம் போன நாட்களை எண்ணினால் மட்டும் போதாது, எந்தத் திகதிக்கு எந்தத் திகதி என்று வரிசையாக வேண்டும்.

காத்திருந்த அந்த ஒரு மாதத்தில்தான் இன்னொன்று வந்தது. பெப்ரவரி 10 முதல் விண்ணப்பிக்கிறவர்களில், சட்டவிரோதமாக நாட்டுக்குள் வந்தவர்களுக்கு, எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் வழக்கமாகப் பிரஜாவுரிமை மறுக்கப்படும் என்று வழிகாட்டியை மாற்றினார்கள். எனக்கு இரண்டு நாள் நித்திரை இல்லை. நான் விசாவோடு பிளேனில் வந்தவன், விசா இருக்கும்போதே அடைக்கலம் கேட்டவன், ஆகவே அது என்னைத் தொடாது. அதைத் தெரிந்துகொண்டும் நித்திரை வரவில்லை.

என்னோடு வேலை செய்கிற நண்பன் 2012இல் லொறியில் வந்தவன். அகதி அந்தஸ்து, நிரந்தர வதிவிடம், இரண்டு சோதனையும் பாஸ், எல்லாம் என்னைவிட முந்தி. காசு சேரட்டும், ஏப்ரலில் போடுவோம் என்று இருந்தான். அவனுடைய வதிவிடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பிரஜாவுரிமைக் கதவுதான் அடைபட்டது. "செய்து தரலாம், 2,000 தாருங்கோ" என்று இப்போது அவனுக்குப் போன் வருகிறது. இப்படிக் கேட்கிறவர்களிடம் பதிவு இலக்கம் கேளுங்கள். சொலிசிட்டர் போன்ற சட்டத்தரணியாக இல்லாதவர் குடிவரவு ஆலோசனை சொல்ல வேண்டுமென்றால் பதிவு செய்திருக்க வேண்டும். முன்பு ஓஐஎஸ்சி என்றிருந்த அமைப்புத்தான் 2025 ஜனவரியிலிருந்து இமிக்ரேசன் அட்வைஸ் ஒத்தோரிட்டி. அதன் பட்டியலை ஒன்லைனில் காசில்லாமல் பார்க்கலாம்.

நான் பெப்ரவரி 11இல் விண்ணப்பித்தேன். கைரேகைக்குக் காசு கேட்கிற நேரங்கள்தான் முதலில் கண்ணில் படும். இரண்டு மூன்று நாள் விடியப்புறம் பார்த்தால் இலவச நேரம் கிடைக்கும். பத்திரங்களை நீங்களே ஸ்கான் செய்து ஏற்றுங்கள்.

பிள்ளைகளின் கதை வேறு. மூத்தவள் 2021இல் இங்கேதான் பிறந்தாள். அப்போது எங்களுக்கு நிரந்தர வதிவிடம் இல்லை, ஆகவே அவள் பிரித்தானியர் இல்லை. நாங்கள் வதிவிடம் எடுத்த பிறகு எம்என்1 படிவத்தில் அவளைப் பிரஜையாகப் பதிய அப்போது 1,214 பவுண் ஆனது. சின்னவன் 2024இல் பிறந்தான், பிறந்த அன்றே பிரித்தானியன், ஒரு சதமும் இல்லை. மூத்தவளுக்கு இது இன்னும் விளங்காத வயது என்பது ஒரு ஆறுதல். கட்ட வசதியில்லாதவர்கள் பிள்ளைக்கான கட்டண விலக்குக் கேட்கலாம், 2022 முதல் அது இருக்கிறது. வருமானம், வாடகை, வங்கிக் கணக்கு எல்லாம் காட்ட வேண்டும். எங்களுக்குத் தெரியவந்தது காசு கட்டிய பிறகு.

ஜூலையில் சம்மதக் கடிதம் வந்தது. ஓகஸ்டில் நகர மண்டபத்தில் விழா. மன்னரின் படம், கொடி, நாற்பது பேரளவில். கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம், இல்லாமல் உறுதிமொழியும் எடுக்கலாம். பெயரைக் கூப்பிட்டுச் சான்றிதழ் தந்தார்கள். கூப்பிட்டது அப்பாவின் பெயரை. நான் எழும்பாமல் இருந்தேன். மனைவி முழங்கையால் இடித்த பிறகுதான் அது நான் என்று உறைத்தது.

பெயரைத் திருத்துவோமா என்று யோசிக்காமல் இல்லை. டீட் போல் என்கிற பெயர்மாற்றப் பத்திரம் எழுதி மாற்றலாம், ஆனால் இனி எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்ற வேண்டும். அத்தோடு பிள்ளைகளுக்கு என் பெயர்தான் குடும்பப் பெயர். என் அட்டையிலும் என் பெயர் அந்த இடத்திலேயே விழுந்திருப்பதால், குடும்பம் முழுக்க ஒரே பெயர் மாதிரி ஆகிவிட்டது. கொழும்புக் கடைத் தம்பி தெரியாமல் செய்த புண்ணியம். விட்டுவிட்டேன்.

ஒன்று மறக்கவேண்டாம்: விழா முடிந்த கையோடு உங்கள் நிரந்தர வதிவிடம் இல்லாமல் போகிறது, பயணப் பத்திரத்தையும் திருப்பி அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை டிக்கெட் போடாதீர்கள். எனக்கு அது செப்டம்பரில் வந்தது.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். எப்ப வாறாய் என்றுதான் கேட்டார். பிறந்த ஊருக்குப் போக இப்போது நான் ஒன்லைனில் விசா எடுக்க வேண்டும். அன்றிரவே அந்தப் படிவத்தைத் திறந்தேன். முதல் கட்டத்தில் குடும்பப் பெயர் கேட்டது. எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து வந்தேன்.