கேபிள கட் பண்ணப் போயி நான் பட்ட பாடு

மொதல்லயே ஒண்ணு சொல்லிருதேன். டிவி பாக்க புது நெட்டு லைன் வந்து ஒரு வாரமாச்சும் ஒழுங்கா ஓடாம பழைய கேபிள கட் பண்ணச் சொல்லிராதீங்க. நான் சொன்னேன். படம் வரலன்னு போன் போட்டா நாலு நாள் கழிச்சு எட்டிப் பாக்குற கேபிள் அண்ணாச்சி, இனிமே வேண்டாம்னு சொன்ன மறுநாள் காலைல ஏழு மணிக்கு ஏணியோட வந்து நிக்காரு. அம்மா காப்பி வேற போட்டுக் குடுத்தா. குடிச்சு முடிச்சு டம்ளர திண்ணைல வச்சுட்டு வயரச் சுருட்டி எடுத்துட்டுப் போயிட்டாரு.

வீடு வீரவநல்லூர் பக்கம். அப்பா அம்மா ரெண்டு பேருதான், நான் பெங்களூர்ல. 2025 ஜூன் கடைசில லீவு போட்டு வந்தப்பதான் கேபிளுக்கு மாசம் 320 ரூபா குடுக்காவன்னு தெரிஞ்சது. 2019ல டிராய் (டிவி, போன் கட்டணத்த எல்லாம் ஒழுங்குபடுத்துற அரசு அமைப்பு) புது கட்டண முறை கொண்டாந்தப்ப அடிப்படைக் கட்டணம் 130, ஜிஎஸ்டி சேத்தா 153 ரூபா 40 காசு, அதுக்கு மேல நமக்கு வேணும்ங்கற பே சேனலுக்கு மட்டும் காசுன்னாங்க இல்லியா, எங்க வீட்டுல யாரும் எந்தச் சேனலையும் தேர்ந்தெடுத்ததே கெடையாது, அண்ணாச்சி போட்டதுதான் பேக்கு. அம்மா பாக்குறது மூணு சேனல், அப்பாவுக்கு நியூஸும் கிரிக்கெட்டும். மழை பேஞ்சா அதுவும் கட்டம் கட்டமா உடைஞ்சு போகும்.

மாசக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வச்சுருவமான்னு யோசிச்சேன், அம்மாவோட சீரியல் எதுவும் அதுல வராதுங்கறதால அப்பவே தள்ளுபடி. அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் ஆசை. டிடி பொதிகைக்கு 2024 ஜனவரில டிடி தமிழ்னு பேரு மாத்திட்டாங்க, அவரு இன்னும் பொதிகைன்னுதான் சொல்லுவாரு. மொட்ட மாடில நின்னா மலை தெரியுத ஊருல இருந்துக்கிட்டு வேற என்னன்னு சொல்லதுன்னு கேக்காரு. அதுவும் சரிதான்.

சரி, ஃபைபர் நெட்டு போட்டுட்டு டிவில ஒரு ஸ்டிக்க (நெட்டு வழியா டிவில ஆப் ஓட்டுற குட்டிக் கருவி) சொருகிட்டா முடிஞ்சது சோலின்னு நெனச்சேன். ஒரு பெரிய கம்பெனி (பேரு வேண்டாம்) விளம்பரத்துல 399, ஜிஎஸ்டியோட 471. ஆன்லைன்ல அஞ்சு நிமிசத்துல காசு கட்டியாச்சு. ரெண்டு நாள்ல வந்து மாட்டிருவோம்னாங்க, அத நம்பித்தான் கேபிள கட் பண்ணச் சொன்னேன். நாலு நாள் கழிச்சு ஒரு பையன் வந்தான், போஸ்டுக்குக் கீழ நின்னு மேல பாத்தான், "இங்கன பாக்ஸ் ஃபுல்லுண்ணே, போர்ட் இல்ல"ன்னான், போயிட்டான். சாயங்காலம் எனக்கு மெசேஜ் வருது, உங்கள் புகார் தீர்க்கப்பட்டதுன்னு. நான் புகாரே குடுக்கல.

மறுநாள் திருநெல்வேலிக்கு பஸ் ஏறி வண்ணாரப்பேட்டைல இருக்க ஆபீஸுக்குப் போனா, அங்க இருந்த பொண்ணு நிமிந்து கூடப் பாக்காம "ஆப்ல ரைஸ் பண்ணுங்க சார்" அவ்ளோதான். ஆப்ல பண்ணத்தான் பண்ணுனேன், அதான இங்க வந்துருக்கேன்னா, "திரும்பப் பண்ணுங்க சார்". அன்னைக்கு ஒரு நாளு போச்சு. கடைக்குப் போகாமலே அல்வா வாங்கிட்டு வந்தேன்னு வச்சுக்கோங்க.

இதுக்கு நடுவுல வீட்டுல டிவி இல்ல. என் போன் ஹாட்ஸ்பாட்ட போட்டு ஓட்டுனேன். நாளைக்கு 2 ஜிபி பிளான், எச்டில ஒரு மணி நேரம் பாத்தாலே 3 ஜிபி கிட்ட தின்னுரும், ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சா ஒம்பதே முக்காலுக்கு வட்டம் சுத்த ஆரம்பிச்சுரும், அதுவும் கரெக்டா சீரியல்ல மருமக வாயத் தொறக்க நேரத்துல. வேற வழியே இல்லாம ஹாட்ஸ்பாட்ல ஓட்டுறவங்க படத்தோட குவாலிட்டிய 480க்கு எறக்கி வச்சுக்கோங்க, எனக்கு அது மூணாவது நாளுதான் தோணுச்சு. அதுக்குள்ள அம்மா எதுத்த வீட்டுக்கு சீரியல் பாக்கக் கெளம்பிட்டா. போகும்போது வாசல்ல நின்னு, "இருந்ததையும் கெடுத்துப் போட்டியே"ன்னு ஒரே ஒரு வார்த்த. அப்பா ஒண்ணும் சொல்லல, பேப்பர மூணாவது தடவ படிச்சுக்கிட்டு இருந்தாரு, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்தது.

கடைசில வழி சொன்னது எதுத்த வீட்டு அத்தை. "நம்ம கேபிள்காரவியளே நெட்டு குடுக்காவளே, எங்க வீட்டுல அதான ஓடுது, உனக்குத் தெரியாதாய்யா?"

தெரியாது. கேக்கவும் இல்ல. கேபிள்காரர் வேண்டாம்னு சொல்லதுலயே குறியா இருந்தவன் அவர்ட்ட வேற என்ன இருக்குன்னு எங்க கேக்க. சாயந்தரம் வெக்கத்த விட்டுட்டு கடைக்குப் போனேன்.

"வாங்க தம்பி. கேபிள் வேண்டாம்னியளே."

"நெட்டு வேணும் அண்ணாச்சி."

"எதுக்கு?"

"டிவி பாக்கத்தான்."

கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு, பொறவு சிரிச்சுட்டாரு. மறுநாள் மத்தியானத்துக்குள்ள அவரு மகன் வந்து ஃபைபர் இழுத்து மோடம் மாட்டிட்டான். மாசம் 500, மாட்டுற கூலி 1000. ஆமா, 320ஐ மிச்சம் புடிக்கப் போயி 500 ஆச்சு, அதுக்கு மேல ஆப்புக்குக் காசு வேற. துட்டு மிச்சமாகும்னு நெனச்சு இதுல எறங்குறவங்க கணக்கு போட்டுப் பாத்துட்டு எறங்குங்க. நான் ஊர்ல இருந்து வேல பாக்கலாம், தெனம் வீடியோ கால் பேசலாம்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

ஸ்டிக்க மாட்டுறது சின்ன வேலதான், ஆனா ரெண்டு எடத்துல மாட்டிக்கிட்டேன். எங்க டிவி 2016ல வாங்குன சாதா எல்இடி. செவுத்துல சேத்து அடிச்சு வச்சுருக்கதால பின்னால கை போகாது, கூட வர்ற குட்டி எச்டிஎம்ஐ வயர தூரப் போட்டுராதீங்க, அதுதான் காப்பாத்துச்சு. ரெண்டாவது, வயர் கொறையட்டும்னு கரண்ட டிவியோட யுஎஸ்பில இருந்து எடுத்தேன், பத்து நிமிசத்துக்கு ஒரு தடவ தன்னால ஆஃப் ஆகி ஆன் ஆகுது. ஸ்டிக்கு கெட்டதுன்னு திருப்பி அனுப்பவே போயிட்டேன். பழைய டிவி யுஎஸ்பி அர ஆம்பியர் தான் குடுக்கும், அதுக்கு அது காணாது. கூட வந்த சார்ஜர செவுத்து பிளக்குல போட்ட ஒடனே சரியாயிட்டு. டிவி செட்டிங்ஸ்குள்ள போயி சிஇசின்னு இருக்கத ஆன் பண்ணிருங்க (ஒவ்வொரு கம்பெனிக்காரனும் அதுக்கு ஒவ்வொரு பேரு வச்சுருக்கான்), அப்ப ஸ்டிக் ரிமோட் ஒண்ணுலயே டிவியும் ஆன் ஆகும். பழைய ரிமோட்ட எடுத்து பீரோக்குள்ள வச்சுட்டேன்.

உண்மையான வேல அதுக்கப்புறம்தான்.

"எய்யா, சன் டிவி எத்தனாம் நம்பரு?"

"நம்பரே கெடையாதும்மா."

"நம்பரு இல்லாம எப்படிய்யா வரும்?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. சன் டிவின்னா சன் நெக்ஸ்டு, விஜய்னா ஜியோ ஹாட்ஸ்டாரு, ஜீ தமிழ்னா ஜீ5, நியூஸுன்னா யூடியூப்ல லைவுன்னு நான் வெளக்க வெளக்க அம்மா மூஞ்சி சுருங்கிக்கிட்டே போகுது. நமக்கு என்ன பாக்கணும்னு நாமளே தேடி எடுக்குறது சுகம், அவங்களுக்கு பட்டன அமுக்குன ஒடனே ஏதோ ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கணும், அடுப்பாங்கரைல இருந்து காதுல கேக்கணும், புடிக்கலன்னா அடுத்த நம்பரு. அதனால தேவையில்லாத ஆப்ப எல்லாம் தூக்கிட்டு நாலே நாலு மட்டும் மொத வரிசைல அம்மா பாக்குற நேர வரிசைப்படி வச்சேன். மொத கட்டம், ரெண்டாவது கட்டம்னு சொன்னதும் புடிச்சுக்கிட்டா. கட்டத்துக்கே நம்பர் போட்டுட்டா, இப்ப சன் டிவி ஒண்ணு, விஜய் ரெண்டு.

லாகின் பண்ணும்போது அவசரத்துல எல்லாத்துக்கும் உங்க நம்பரக் குடுக்காதீங்க, நான் குடுத்தேன். ஒரு ஆப்பு தானா லாக் அவுட் ஆயிட்டு, நான் பெங்களூர்ல மீட்டிங்ல இருக்கேன், ஓடிபி எனக்கு வருது, அப்பா எட்டு மிஸ்டு கால். அப்பா நம்பர போடுங்க, பட்டன் போனா இருந்தாலும் ஓடிபி வரும். யூடியூப்புக்கும் தனியா ஒரு அக்கவுண்ட் போட்டுருங்க. நான் என்னோடத போட்டேன், ரெண்டே நாள்ல என் போன்ல பூரா மூட்டுவலி வைத்தியமும் பட்டிமன்றமும்.

கரண்டு போனா என்ன ஆகும்னு யாருமே யோசிக்க மாட்டோம். எங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு, டிவி எரியும். மோடம் மாட்டுன பிளக்கு இன்வெர்ட்டர் லைன்ல இல்ல. ஆக டிவி இருக்கு, நெட்டு இல்ல. அம்மா பார்வைல அது நான் செஞ்ச தப்பு. எலக்ட்ரீசியனக் கூப்புட்டு அந்த பிளக்க மாத்திக் குடுக்கச் சொன்னேன், அர மணி நேர வேல. இன்வெர்ட்டர் இல்லாத வீடுன்னா மோடத்துக்குன்னே சின்ன யுபிஎஸ் விக்காங்க.

ஜூலை 7 திருச்செந்தூர் கும்பாபிஷேகம். காலைலயே குளிச்சு விபூதி பூசிட்டு யூடியூப் லைவ் போட்டு ஒக்காந்தோம். இங்க இன்னும் ஐயருங்க கொடத்த வச்சுக்கிட்டு நிக்காங்க, எதுத்த வீட்டுல இருந்து "அரோகரா"ன்னு சத்தம் கேக்கு. அப்பா என்னத் திரும்பிப் பாக்காரு. அவங்க வீட்டுல நெட்டு இருந்தாலும் டிவி கேபிள்லதான், நமக்கு அர நிமிசம் பிந்தித்தான் வரும்னு சொன்னேன். "முருகனே நம்ம வீட்டுக்கு லேட்டாத்தான் வாராரு"ன்னுட்டு கையெடுத்துக் கும்புட்டாரு. கிரிக்கெட்டுக்கும் இதே கததான், விக்கெட் விழுந்தது எதுத்த வீட்டு சத்தத்துல மொதல்லயே தெரிஞ்சுரும்.

கடைசியா செட்டாப் பாக்ஸ். பொட்டிய அம்பைல (அம்பாசமுத்திரம்) இருக்க கேபிள் ஆபீஸ்ல நேரா குடுத்து ரசீது வாங்கிருங்க, இல்லன்னா பாக்கின்னு வந்து நிப்பாங்கன்னு அண்ணாச்சியே சொன்னாரு. மொத தடவ போனேன், அடாப்டரும் ரிமோட்டும் எங்கன்னு கேட்டாங்க. திரும்ப வந்து எடுத்துட்டு ரெண்டாம் தடவ போனேன், கனெக்ஷன் தாத்தா பேருல இருக்கு, அவங்க வந்து கையெழுத்து போடணும்னாங்க. தாத்தா எறந்து நாலு வருசம் ஆச்சு சார்னேன். அவரு கம்ப்யூட்டரப் பாத்துட்டு, "இங்க ஆக்டிவ்னுதான் காட்டுது"ங்காரு. டெத் சர்டிபிகேட் ஜெராக்ஸோட மூணாம் தடவ. சாப்பாட்டு நேரம், முக்கால் மணி நேரம் படிக்கட்டுல ஒக்காந்துருந்தேன். கடைசில பொட்டிய வாங்கி, பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்டு சுத்துன ரிமோட்ட திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "புதுசு மாரில்லா வச்சுருக்காவ"ன்னு சொன்னாரு. அது அம்மாவோட கைங்கரியம். பொட்டி நம்பர் போட்டு ரசீது வாங்கி அங்கனயே போட்டோவும் எடுத்துக்கிட்டேன். நீங்களும் எடுங்க.

போன வாரம் ராத்திரி பத்தரைக்கு அம்மா போன். மெதுவா, யாருக்கோ கேட்டுரக் கூடாதுங்கற மாதிரி பேசுதா.

"எய்யா, அப்பா பாத்துக்கிட்டே ஒறங்கிட்டாவ. டிவி தன்னால நின்னு, இன்னும் இருக்கியளான்னு கேட்டு எழுத்து வந்துருக்கு. அதுக்கு எப்படிய்யா தெரியும்?"