பாதியில் நின்ற டேட்டாபேஸ் அப்கிரேடு: லீ பஜார் மண்டி சர்வரில் பார்த்ததும் செய்ததும்

சேலம் லீ பஜாரில் ஒரு மண்டி. ஏற்காட்டிலிருந்து மிளகும் காப்பியும் வரும். மலைமேல் உள்ள கிடங்கிலேயே எடை போட்டுப் பதிந்துவிடுவார்கள், பில் கீழே போடுவார்கள். பில்லிங் மென்பொருள் பிஎச்பியில் எழுதியது, டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 5.7, சர்வர் மண்டி மாடியிலேயே. மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றும்போது அப்கிரேடு திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு 504 பிழை வந்து நின்றது.

504-ஐப் பார்த்ததும் எல்லாருக்கும் கை ரிஃப்ரெஷுக்குத்தான் போகும். அங்கேயே பாதிக் கேடு ஆரம்பம். பிரவுசருக்கும் பிஎச்பிக்கும் நடுவில் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், பிஎச்பியின் பதிலுக்கு இயல்பாக 60 விநாடிதான் காத்திருக்கும், அதற்குமேல் 504 போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல்லுக்கு அது தெரியாது. கொடுத்த ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். ரிஃப்ரெஷ் செய்தால் அதே ஸ்கிரிப்ட் முதலிலிருந்து கிளம்பி, இரண்டாவது ஆல்டர் முதலாவதின் பின்னால் வரிசையில் நிற்கும். முதலாவது முடிந்ததும் இது உள்ளே போய், ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஃபீல்டையே மறுபடி சேர்க்கப் பார்த்து 1060 பிழையில் விழும்.

ஆகவே பிரவுசரை அப்படியே விட்டுவிட்டு டெர்மினலில் 'ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட்' (மைஎஸ்க்யூஎல்லில் இப்போது இருக்கும் இணைப்புகளின் பட்டியல்) கொடுத்தோம். ஸ்டேட் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். 'காப்பி டு டெம்ப் டேபிள்' அல்லது 'ஆல்டரிங் டேபிள்' என்றிருந்தால் வேலை நடக்கிறது, காத்திருக்கலாம். எங்களுக்கு வந்தது 'வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக்'. எங்கள் விஷயத்தில் ஆல்டர் இன்னும் தொடங்கவே இல்லை.

இந்த லாக்கைப் பற்றித் தெரியாமல் போனால் நாள் முழுக்கத் தேட வேண்டியிருக்கும். யாரோ ஒருவர் டிரான்சாக்‌ஷன் (ஒன்றாக முடிய வேண்டிய கட்டளைத் தொகுப்பு) திறந்து அந்த டேபிளைப் படிக்க ஒரு செலக்ட் மட்டும் போட்டிருந்தாலே போதும், அவர் கமிட்டோ (உறுதி செய்வது) ரோல்பேக்கோ (பழையபடி திருப்புவது) கொடுக்கும்வரை டேபிளின் அமைப்பை மாற்ற முடியாது. பிராசஸ்லிஸ்டில் அவர் 'ஸ்லீப்' என்று சாதுவாகப் படுத்திருப்பார், சந்தேகமே வராது. இன்னொரு கொடுமை: காத்திருக்கும் ஆல்டருக்குப் பின்னால் வரும் சாதாரண செலக்ட்டுகளும் அதே வரிசையில் மாட்டும். மண்டியில் பில் போடும் திரை மொத்தமும் உறைந்தது இதனால்தான்.

காத்திருப்புக்கு எல்லை என்ன? லாக்_வெயிட்_டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 31536000 விநாடி. ஒரு வருடம்! பலர் இன்னோடிபி_லாக்_வெயிட்_டைம்அவுட் என்ற 50 விநாடி அமைப்போடு குழப்பிக்கொண்டு, 'ஒரு நிமிஷத்தில் தானே விட்டுவிடும்' என்று உட்கார்ந்திருப்பார்கள். அது டேபிளின் தனித்தனி வரிகளைப் பூட்டும் ரோ லாக்குக்கானது, இதற்குச் சம்பந்தமில்லை.

பிடித்து வைத்திருப்பது யார் என்று அறிய இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவில் இன்னோடிபி_டிஆர்எக்ஸ் டேபிளைப் பார்க்க வேண்டும். தொடங்கிய நேரப்படி அடுக்கினால் மிகப் பழைய டிரான்சாக்‌ஷன் மேலே வரும், பக்கத்திலேயே திரெட் எண் இருக்கும். அந்த எண்ணைப் பிராசஸ்லிஸ்டில் பொருத்தினால் எந்தக் கணினி என்று தெரிந்துவிடும். எங்கள் விஷயத்தில் அது ஏற்காடு கிடங்கு. அங்கே ஒரு டெஸ்க்டாப் ரிப்போர்ட் கருவியில் ஆட்டோகமிட் (ஒவ்வொரு கட்டளையையும் தானே கமிட் செய்யும் அமைப்பு) அணைத்து வைத்திருந்தார்கள், காலையில் திறந்த இருப்பு ரிப்போர்ட் ஜன்னல் மூடவே இல்லை. வெயிட்_டைம்அவுட் 28800 விநாடி, அதாவது 8 மணி நேரம் சும்மா கிடந்தால்தான் சர்வர் தானாக அறுக்கும். 'ராத்திரி மாட்டியது, காலையில் பார்த்தால் தானே சரியாகிவிட்டது' என்று சொல்லும் பல கதைகளின் ரகசியம் இந்த 8 மணி நேரம்தான்.

ஒரு ஜன்னலை மூட 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டியதில்லை. முதலில் போன் போட்டு, சேமிக்காத பதிவு ஏதும் இல்லை என்று கேட்டுக்கொண்டு, பிறகு அந்தத் திரெட் எண்ணுக்கு 'கில்' கொடுத்தோம். தூங்குகிற இணைப்பைத்தான் கொல்ல வேண்டும், ஆல்டரை அல்ல. அடுத்த நொடியே ஸ்டேட் 'ஆல்டரிங் டேபிள்' என்று மாறியது.

லாக் தேவைப்படுவது தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் இன்னொருமுறை. நடுவில் யாராவது புதிதாக ரிப்போர்ட் திறந்தால், மணிக்கணக்கில் ஓடிய ஆல்டர் கடைசிப் படியில் மறுபடி நிற்கும். லாக்_வெயிட்_டைம்அவுட்டை 30 விநாடி என்று குறைத்து வைத்தால் உறைவது நிற்கும், ஆனால் அந்தக் கடைசிப் படியில் 30 விநாடி தாண்டினால் செய்த வேலை மொத்தமும் வீண். பெரிய டேபிளுக்கு நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். மென்பொருளும் ரிப்போர்ட் கருவியும் நுழையும் யூசருக்கு 'அக்கவுண்ட் லாக்' போடுவதே நல்லது. அது புதிய நுழைவை மட்டுமே தடுக்கும், உள்ளே இருப்பவர்களைத் தனியாகக் கில் செய்ய வேண்டும். அப்கிரேடு ஸ்கிரிப்டை வேறு யூசரில் ஓட்ட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரவு பேக்கப்பைத் தானாக ஓட்டும் கிரானையும் நிறுத்தி வையுங்கள். டம்ப் (பேக்கப் நகல் எடுப்பது) ஓடும் நேரத்தில் ஆல்டர் குறுக்கே வந்தால் பேக்கப் 1412 பிழையில் செத்துப்போகும்.

ஸ்கிரிப்டின் மீதியை ஓட்டும்போது பிரவுசரைத் தொடவில்லை. கட்டளை வரியில் பிஎச்பிக்கு நேர வரம்பு கிடையாது. அதையும் டிமக்ஸ் உள்ளே ஓட்டினால், நெட் அறுந்தாலும் வேலை நிற்காது. கிளம்பும் முன் வட்டில் பெரிய டேபிள் அளவுக்கு மேல் காலியிடம் இருக்கிறதா என்று பாருங்கள். டேபிளை முழுதாக மறுபடி எழுதும் ஆல்டர், டேட்டா அடைவில் #எஸ்க்யூஎல் என்று தொடங்கும் நகல் கோப்பை வளர்த்துக்கொண்டே போகும். முன்னேற்றத்தை அறிய அந்தக் கோப்பின் அளவைப் பார்ப்பதே எளிய வழி. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், யுபிஎஸ்ஸை நம்பி இதில் இறங்க வேண்டாம்.

இனி பாதியில் விட்டதைத் தொடர்வது. மைஎஸ்க்யூஎல்லில் ஒவ்வொரு ஆல்டரும் தானாகக் கமிட் ஆகிவிடும், ஸ்கிரிப்டை மொத்தமாக ரோல்பேக் செய்ய வழியில்லை. ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரியையும் 'ஷோ கிரியேட் டேபிள்' காட்டுவதோடு ஒப்பிட்டு, முடிந்த வரிகளை மட்டும் கமெண்ட் செய்து மீதியை ஓட்டினோம். செட்டிங்ஸ் டேபிளில் பதிப்பு எண்ணை மட்டும் கையால் மாற்றி 'முடிந்தது' என்று காட்டும் குறுக்கு வழி ஒன்று உண்டு. செய்யாதீர்கள், அடுத்த அப்கிரேடில் அது வட்டியோடு வரும்.

மீதியில் இரண்டு இடம் இடித்தது. பழைய பில்களில் தேதி இல்லாத இடத்தில் 0000-00-00 இருந்தது, 5.7-ன் ஸ்ட்ரிக்ட் மோட் (தவறான மதிப்பை ஏற்காத அமைப்பு) அதை 1292 பிழை என்று தள்ளியது. ஃபீல்டு நல்-ஐ (மதிப்பே இல்லாத நிலை) ஏற்கும்படி இருந்ததால், அந்த செஷனுக்கு மட்டும் எஸ்க்யூஎல் மோடைத் தளர்த்தி அவற்றை நல் ஆக்கினோம்.

மற்றது யுடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக் குறியீட்டுக்கு மாற்றுவது. மைஎஸ்க்யூஎல்லின் பழைய யுடிஎஃப்8 ஓர் எழுத்துக்குறிக்கு 3 பைட் வரைதான் பிடிக்கும். தமிழுக்கு அது போதும், வாட்ஸாப்பிலிருந்து வெட்டி ஒட்டும் இமோஜிக்கு 4 பைட் வேண்டும். வியாபாரி பெயர் ஃபீல்டு 255 எழுத்துக்குறி, அதன்மேல் இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் பட்டியல்). 255 பெருக்கல் 3 என்றால் 765, இண்டெக்ஸின் எல்லை 767 பைட், தப்பியது. பெருக்கல் 4 என்றால் 1020, உடனே 1071 பிழை. 5.7-ல் டைனமிக் ரோ ஃபார்மேட்டின் (வரிகளைச் சேமிக்கும் முறை) எல்லை 3072. ஆனால் இந்த டேபிளை உருவாக்கும்போதே காம்பேக்ட் என்று எழுதி வைத்திருந்தார்கள். ரோ ஃபார்மேட்டை டைனமிக் ஆக்கியபின் மாற்றம் ஓடியது.

இணையத்தில் கிடைக்கும் மற்ற வழி, ஃபீல்டை 191-ஆகச் சுருக்குவது. தமிழ்ப் பெயர்களுக்கு அது ஆபத்து. 'ஏற்காடு' நம் கண்ணுக்கு 4 எழுத்து, டேட்டாபேஸுக்கு 7 குறி, 21 பைட். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியாகச் சேரும். முகவரியோடு எழுதிய பெயர்கள் 191-ஐ எளிதில் தாண்டும். சுருக்கித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் குறிகளை எண்ணும் சார்_லெங்த்தின் அதிகபட்சத்தைப் பாருங்கள். லெங்த் என்று மட்டும் கொடுத்தால் பைட் கணக்குதான் வரும்.

ஒரு டேபிள் யுடிஎஃப்8எம்பி4-க்கு மாறி மற்றது பழையபடியே நின்றால், இரண்டையும் இணைக்கும் ரிப்போர்ட்டில் மாறாத டேபிளின் இண்டெக்ஸ் பயன்படாமல் போய்விடும். அப்கிரேடு முடிந்தபின் ரிப்போர்ட் ஆமையாக நகர்ந்தால் முதலில் அதைப் பாருங்கள். பூட்டிய யூசரைத் திறந்து, கிரானைத் திரும்பப் போட்ட பிறகுதான் ஏற்காட்டுக்குப் போன் போட்டோம். கருவியில் ஆட்டோகமிட்டை இயக்கச் சொன்னதும் அதே அழைப்பில்தான்.