கையெழுத்துக்கும் ஏற்புறுதிக்கும் நடுவில்

பதினேழு வருடமாக ஒப்பந்தங்களை மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. குத்தகைப் பத்திரம், ஏஜென்சி ஒப்பந்தம், கடன் உறுதி என்று எது வேண்டுமானாலும் வரும். இரண்டு வருடம் முன்பு ஒரு பதிப்பகத்திலிருந்து வித்தியாசமான வேலை வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு உடன்படிக்கைகளின் தொகுப்பு ஒன்றைத் தமிழாக்க வேண்டும். என் பங்குக்கு விழுந்தது, ரஷ்யப் பேரரசும் சீனத்தை ஆண்ட சிங் பேரரசும் 1881-இல் செய்துகொண்ட பீட்டர்ஸ்பர்க் உடன்படிக்கை. எல்லையும் உண்டு என்றாலும் அதில் பெரும்பகுதி வணிகம். இருபது ஷரத்து, அதோடு தரைவழி வணிகத்துக்கென்று தனியாகப் பதினேழு விதிகள்.

முதல் நாளே ஒரு சொல் வழிமறித்தது. ராட்டிஃபிகேஷன். எங்கள் அலுவலகத்தில் அதற்கும் ‘ஒப்புதல்’ என்றுதான் போடுவோம், அப்ரூவலுக்கும் அதையேதான் போடுவோம். இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை. இங்கே அப்படிப் போட்டால் கதையே புரியாது. தூதர் கையெழுத்துப் போடுவது ஒரு கட்டம். அந்தத் தாள் ஊர் வந்து சேர்ந்து, அரசர் பெயரில் ‘இது நம் வாக்குதான்’ என்று முத்திரை விழுவது அடுத்த கட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் 1879-இலிருந்து 1881 வரை இரண்டு பேரரசுகள் போர் விளிம்பில் நின்றன. கடைசியில் ‘ஏற்புறுதி’ என்று வைத்துக்கொண்டேன்.

விஷயம் இலி பள்ளத்தாக்கில் தொடங்குகிறது. சீனாவின் வடமேற்கே, இன்றைய சின்ஜியாங்கின் மேற்கு ஓரத்தில் இருக்கும் வளமான நிலம். அந்தப் பக்கம் கலகத்தில் சிங் அரசின் கையைவிட்டுப் போயிருந்தபோது, 1871-இல் ரஷ்யப் படை இலிக்குள் வந்தது. உங்கள் ஆட்சி திரும்பியதும் தந்துவிடுகிறோம் என்று ரஷ்யா சொல்லியிருந்தது. ட்சுவோ சோங்தாங் என்ற தளபதி 1878-க்குள் சின்ஜியாங்கை மீட்டுவிட்டார். சரி, இலியைக் கொடுங்கள் என்று கேட்க சொங்ஹோ என்ற மூத்த அதிகாரி அனுப்பப்பட்டார். தியான்ஜினில் பல வருடம் வணிகக் கண்காணிப்பாளராக இருந்தவர். 1870-இல் அங்கே நடந்த கலவரத்துக்கு வருத்தம் தெரிவிக்க பிரான்ஸ் வரை போய் வந்தவர். அன்றைய பெய்ஜிங்கில் அனுபவம் குறைந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

1879 அக்டோபர் 2 அன்று, கிரீமியாவில் யால்டா பக்கம் ஜாரின் கோடை மாளிகை இருந்த லிவாடியாவில் அவர் கையெழுத்திட்டார். இலி பெயரளவில் திரும்பியது. ஆனால் டேகஸ் பள்ளத்தாக்கும், தெற்கே போகும் மலைக் கணவாயும் ரஷ்யாவுக்கு. பணம் 50 லட்சம் ரூபிள். ஏழு இடங்களில் புதிதாகத் துணைத்தூதரகம். மங்கோலியாவிலும் சின்ஜியாங்கிலும் சுங்கமில்லாத வணிகம். தேயிலைச் சந்தையான ஹான்கோ வரை ரஷ்ய வணிகர்கள் தரைவழியாகவே வந்துபோகலாம். ஹான்கோவில் தேயிலையைச் செங்கல் மாதிரி அழுத்தி சைபீரியாவுக்கு அனுப்பும் ரஷ்ய ஆலைகள் அப்போதே இருந்தன, அதனால் அந்த வழியின் மதிப்பு இரு தரப்புக்கும் தெரியும்.

ஷரத்துகளை ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு மேஜை நினைவுக்கு வந்தது.

பல வருடம் முன்பு ஒரு வாடிக்கையாளர் நிறுவனம். அதன் மேலாளர் ஒருவர் வெளிநாடு போய், இயந்திரங்களை விநியோகிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். நிறுவனத்தைத் தொடங்கிய பெரியவருக்குத் தமிழ் மட்டும்தான் சரளம். என்னைக் கூப்பிட்டு, ‘ஒவ்வொரு வரியா படிச்சுச் சொல்லும்மா’ என்றார். படித்தேன். எட்டாவது பிரிவில், வேறு யாரிடமும் வாங்கக் கூடாது என்ற வரி வந்தது. ‘அதை இன்னொரு வாட்டி படி’ என்றார். படித்தேன். அடுத்து, விற்றாலும் விற்காவிட்டாலும் வருடத்துக்கு இத்தனை எடுத்தாக வேண்டும். வழக்கு என்றால் அவர்கள் ஊர் நீதிமன்றம். மேலாளர் சுவரோரம் நின்றிருந்தார். அறையில் மூன்று நாற்காலி காலியாக இருந்தது. யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. சட்டைப் பையில் இருந்த பேனாவை அவர் கை தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசிப் பக்கத்தில்தான் அந்த வரி இருந்தது: இரு தரப்பு இயக்குநர் குழுவும் ஏற்றுக்கொண்ட பிறகே இது நடைமுறைக்கு வரும். பெரியவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

சொங்ஹோ அனுமதி கேட்காமலே ஊர் திரும்பினார். 1880 தொடக்கத்தில் பெய்ஜிங் வந்தவரைச் சிறையில் வைத்தார்கள். இளம் அதிகாரி ஜாங் ஜிதோங், இவருடைய தலையை வாங்க வேண்டும், ஒப்பந்தத்தை ஏற்கக் கூடாது என்று விண்ணப்பம் எழுதினார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. ட்சுவோ தன் சவப்பெட்டியைச் சுமக்கச் செய்து சின்ஜியாங்கின் கிழக்கே இருக்கும் ஹாமி வரை முன்னேறினார். ரஷ்யா கப்பற்படையைக் கிழக்கே அனுப்பியது. தூதரைக் கொல்வது எந்த நாட்டு வழக்கம் என்று ஐரோப்பியத் தூதர்கள் எதிர்ப்புக் காட்ட, விக்டோரியா மகாராணியே அவருக்காகப் பரிந்து எழுதினார். இந்த நேரத்தில்தான் கார்டன் என்ற ஆங்கிலேயத் தளபதியும் வருகிறார். புதிய வைஸ்ராய் ரிப்பனின் செயலாளராக பம்பாயில் இறங்கி, சில நாளிலேயே அந்த வேலையை உதறிவிட்டு பெய்ஜிங் போனவர். போர் வேண்டாம் என்பதுதான் அவர் சொன்ன ஆலோசனை.

இதில் என்னை நெடுநேரம் நிறுத்தியது வேறொன்று. ஏற்புறுதி என்பது எவ்வளவு கனமானது என்று சிங் அரசு இருபது வருடம் முன்பு அடிபட்டுக் கற்றிருந்தது. 1858-இல் தியான்ஜினில் கையெழுத்தான உடன்படிக்கைகளின் ஏற்புறுதியை மாற்றிக்கொள்ள 1859-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுத் தூதர்கள் பெய்ஜிங் புறப்பட்டார்கள். கடலோரத்தில் பெய்தாங் என்ற இடத்தில் இறங்கி வாருங்கள் என்றது அரசு. ஆற்று முகத்தில் இருந்த தாகூ கோட்டை வழியாகத்தான் வருவோம் என்றார்கள் அந்தத் தூதர்கள். ஜூன் 25 அன்று கோட்டைப் பீரங்கிகள் அவர்களை விரட்டின. அமெரிக்கத் தூதர் பெய்தாங் வழியே வந்தார், சண்டையில்லாமல் மாற்றிக்கொண்டு போனார். எந்த வழியாக வருவது என்ற தகராறு அடுத்த வருடம் பெரும்படையாகத் திரும்பி வந்தது. யுவான்மிங்யுவான் அரண்மனை எரிந்தது. அந்தப் படையில் நம் சென்னை மாகாணத்துச் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படைப்பிரிவும் போயிருந்தது. எரிந்து முடிந்த பிறகு, 1860 அக்டோபரில் ஏற்புறுதி கைமாறியது. அன்று தங்களை அடித்த அதே விதியைத்தான் 1880-இல் சிங் அரசினர் கையில் எடுத்தார்கள். முத்திரை விழாத தாள் இன்னும் எங்களைக் கட்டாது என்றார்கள்.

அதைப் போய்ச் சொல்ல வேண்டிய வேலை செங் ஜிட்சே தலையில் விழுந்தது. லண்டனிலும் பாரிஸிலும் தூதராக இருந்தவர், வயது நாற்பதை ஒட்டி. தகப்பனாருக்குத் துக்கம் காத்த வருடங்களில் ஹூனானில் இருந்தபடி, புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே ஆங்கிலம் கற்றவர். அந்த ஒரு தகவலுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நானும் அகராதியை மடியில் வைத்துக் கற்றவள்தான்.

1880 ஜூலை கடைசியில் பீட்டர்ஸ்பர்க் போனார். ரஷ்ய வெளியுறவுத் துறையின் கியர்ஸ், ஜோமினி, ப்யூட்சோவ் ஆகியோர் எதிரே. கையெழுத்தான உடன்படிக்கையை நிறைவேற்றுவதைத் தவிரப் பேச என்ன இருக்கிறது என்றார்கள். செங் அதற்கு முன்பே தன் அரசுக்கு எழுதிய விண்ணப்பத்தில் வேலையைப் பிரித்து வைத்திருந்தார். எல்லை, வணிகம், பணம் என்று மூன்று. எல்லையை விட்டால் என்றைக்கும் போனதுதான், அதில் இறங்கக் கூடாது. வணிக ஷரத்துகளைப் பின்னால் திருத்த வழியுண்டு. பணம் மூன்றிலும் சிறியது. பேரம் பேசப் போகும் ஒருவர் எதை விடலாம் என்று இவ்வளவு தெளிவாக முன்கூட்டியே எழுதி வைத்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை. எங்கள் வேலையில் பெரும்பாலும் எல்லாப் பிரிவுக்கும் ஒரே அளவு சத்தம் போடுவார்கள். கடைசியில் களைத்துப்போய் எதை விடக் கூடாதோ அதை விட்டுவிடுவார்கள்.

பேச்சு ஆறு மாதத்துக்கு மேல் இழுத்தது. தந்தி பீட்டர்ஸ்பர்கிலிருந்து ஷாங்காய் வரைதான். அங்கிருந்து பெய்ஜிங்குக்குக் கம்பி கிடையாது, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு கேள்விக்குப் பதில் வரும்வரை எதிரே இருப்பவர்களைப் பேச்சிலேயே வைத்திருக்க வேண்டும். துருக்கிப் போரில் செலவழித்துக் களைத்திருந்த ரஷ்யாவும் இன்னொரு போருக்குத் தயாராக இல்லை.

1881 பிப்ரவரி 24 அன்று புதிய உடன்படிக்கை. டேகஸ் பள்ளத்தாக்கும் கணவாயும் திரும்பின. மேற்கே ஒரு துண்டு போனது போனதுதான். புதிய துணைத்தூதரகம் ஏழிலிருந்து இரண்டாகச் சுருங்கியது. தரைவழி வணிகம் ஹான்கோ போகாமல், சீனப் பெருஞ்சுவரின் மேற்குக் கோடியான ஜியாயூகுவானில் நின்றது. வணிக ஷரத்துகளைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை திருத்தலாம். பணம் மட்டும் 50 லட்சத்திலிருந்து 90 லட்சம் ரூபிளாக ஏறியது. எதைக் கொடுத்து எதை மீட்டார் என்று அந்த ஒரு எண்ணிலேயே தெரிகிறது.

அதைக் கட்டும் முறை பற்றிய பகுதியை மொழிபெயர்க்க ஒரு முழு மாலை ஆனது. மொத்தம் 14,31,664 பவுன் 2 ஷில்லிங். லண்டனில் பேரிங் சகோதரர்கள் வங்கி மூலம், ஆறு சம தவணை. ஒரு தவணை 2,38,610 பவுன் 13 ஷில்லிங் 8 பென்ஸ். தொகை வந்தால் கூட்டிப் பார்க்காமல் விடுவதில்லை என்பது என் பழக்கம். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன் என்று தாளில் எழுதி ஆறால் பெருக்கினேன். பென்ஸ் வரை இம்மி பிசகவில்லை. யாரோ ஒரு எழுத்தர் அன்று இதைச் சரிபார்த்திருக்கிறார்.

ரஷ்ய மொழி, சீனம், பிரெஞ்சு என மூன்று பிரதி. முரண் வந்தால் பிரெஞ்சுப் பிரதியே செல்லும். அந்த வரியைத் தமிழில் எழுதும்போது நெஞ்சு கொஞ்சம் கனத்தது. நான் தயாரிக்கும் ஒவ்வொரு தமிழ்ப் பிரதியின் அடியிலும் ‘ஐயம் எழுந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும்’ என்று நானே எழுதுகிறேன். அந்தப் பெரியவர் போன்றவர்கள் எதைக் கேட்டு முடிவெடுக்கிறார்களோ, அது சட்டத்தின் கண்ணில் நிற்பதில்லை. அதனால்தான் அதில் ஒரு சொல்கூடச் சறுக்கக் கூடாது என்று பாடுபடுகிறேன்.

செங் பீட்டர்ஸ்பர்க் போய்ச் செய்த முதல் காரியங்களில் ஒன்று, சொங்ஹோவை விடுவிக்கும்படி தன் அரசிடம் கேட்டது. பேச்சுவார்த்தைக்கு வழிவிட அது தேவைப்பட்டது, உண்மைதான். இருந்தாலும் தனக்கு முன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தவறியவரை அவர் கைவிடவில்லை. ஆகஸ்டில் சொங்ஹோ வெளியே வந்தார். எங்கள் வாடிக்கையாளரின் மேலாளரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதிய ஐந்து மாதமும் நான் அங்கே போய்வந்தேன். படியில் இரண்டு மூன்று தடவை அவரைப் பார்த்தேன். நாலு நாள் தனியாக, தெரியாத ஊரில், மூன்று பேர் எதிரே உட்கார்ந்திருக்க அவர் எப்படிச் சமாளித்தார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

கடைசி ஷரத்து: ஏற்புறுதிகள் ஆறு மாதத்துக்குள் பீட்டர்ஸ்பர்க்கில் பரிமாறப்படும். கையெழுத்தான பதினேழாம் நாள் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் குண்டுவீச்சில் இறந்தார். ஏப்ரலில் பெய்ஜிங்கில் ஆட்சிப் பொறுப்பில் இருந்த இரு மகாராணிகளில் தகுதியில் மூத்தவரான சீஆன் இறந்தார். பேரரசர் குவாங்ஷு பத்து வயதுப் பையன். ஆகஸ்டில் ஏற்புறுதிப் பிரதிகள் கைமாறின, ஆறு மாதக் கெடுவுக்குச் சில நாள் மீதமிருக்க.