அப்பா எடுக்குற போட்டோவுல ஆளே இருக்க மாட்டாங்க

ஸ்டோரேஜ் ஃபுல்னு அப்பா போன் பண்ணாரு, சரின்னு போன வாரம் ஊருக்குப் போனப்ப உக்காந்து கேலரியை சுத்தம் பண்ண ஆரம்பிச்சேன். ரெண்டாயிரத்து சொச்சம் போட்டோ. அதுல மனுசங்க இருக்குற போட்டோ முப்பது தேறாது, அந்த முப்பதும் எம்பசங்க எடுத்தது. மிச்சம் எல்லாம் என்னன்னா வாய்க்கா, நெல்லு இலை, மோட்டார் ஸ்டார்ட்டர், உரக்கடை பில்லு, மாத்திரை அட்டை, ஈபி மீட்டர், டீக்கடை பேப்பர்ல மேட்டூர் நீர்மட்டம் போட்டிருக்குற அந்தக் கட்டம். இந்த மனுசனுக்கு போட்டோ எடுக்கவே தெரியலன்னு ஒரு வருசமா வீட்ல எல்லாருகிட்டயும் சொல்லி சிரிச்சிட்டு இருந்தவ நான்தான். உக்காந்து ஒண்ணொண்ணா பாத்தப்பதான் தெரிஞ்சுது, தெரியாதது எனக்குத்தான்.

அப்பாவுக்கு 74 வயசு. மன்னார்குடி பக்கம் கிராமம். 2003-ல வந்துச்சே நோக்கியா 1100, உலகம் பூரா 25 கோடிக்கு மேல வித்த மாடல், அதுல ஆரம்பிச்சவரு, அது செத்தப்புறமும் ஒண்ணு மாத்தி ஒண்ணு பட்டன் போன்தான். காரணம் டார்ச். ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்டு வந்தா மோட்டார் போட போகணும், வரப்புல பாம்பு கெடக்கும், அதுக்கு டார்ச் வேணும், அவ்ளோதான் அவருக்கு போன்னா. போன வருசம் வைகாசில நான் ஸ்மார்ட்போன் வாங்கிட்டுப் போயி குடுத்தப்பவும் முதல் கேள்வி "டார்ச் எங்க பாப்பா?"ன்னுதான். பின்னாடி கேமராவுக்குப் பக்கத்துல இருக்குற ஃப்ளாஷ்தான்பா டார்ச்சுன்னு காட்டுனேன். ஆக எங்கப்பா அந்த கேமரா செட்டுல முதல்ல உபயோகிச்ச பாகம் ஃப்ளாஷ், அதுவும் போட்டோவுக்கு இல்ல.

கடையில நடந்த கூத்தை சொல்லியாகணும். அந்தத் தம்பி அம்பது மெகாபிக்ஸல்க்கா, மூணு கேமராக்கா, ஏஐக்கான்னு அடுக்கிட்டே போனான். நானும் தலையாட்டிட்டு வாங்கிட்டு வந்துட்டேன். அம்பதுன்னு எழுதியிருந்தாலும் சாதாரணமா எடுக்குறப்ப நாலு பிக்ஸலை ஒண்ணா சேர்த்து பன்னெண்டரை மெகாபிக்ஸல் படமாத்தான் அது சேவ் பண்ணும், மிச்ச ரெண்டு கேமரால ஒண்ணு கிட்டக்க வச்சு எடுக்குறதுக்கான ரெண்டு மெகாபிக்ஸல் மேக்ரோ, இன்னொண்ணு பேருக்கு இருக்குறது. இது எதுவும் வயசானவங்களுக்கு ஒரு பொருட்டே இல்லங்க. அவங்களுக்கு வேண்டியது சித்திரை வெயில்ல வயல்ல நின்னா ஸ்க்ரீன் கண்ணுக்குத் தெரியுதா, கை நடுங்குனாலும் படம் ஆடாம வருதா, இந்த ரெண்டுதான். அதை அந்தத் தம்பியும் சொல்லல, கேக்கணும்னு எனக்கும் தோணல. ஏசி கடைக்குள்ள நின்னு வாங்குனா வெயில் எங்க ஞாபகம் வரும்.

சொல்லிக் குடுக்க உக்காந்த முதல் நாளே சண்டை. "இந்த வெள்ளை வட்டம் இருக்குல்லப்பா, அதான் ஷட்டர், அதை அழுத்துங்க"ன்னேன். அவரு என்னை ஒரு மாதிரி பாத்துட்டு "ஷட்டரைத் தூக்குவாங்க, எறக்குவாங்க, அழுத்துவாங்களா?"ன்னாரு. எங்க பக்கம் ஷட்டர்னா மதகு ஷட்டர்தான். சரி பட்டன்னு வச்சுக்கங்கன்னேன். அழுத்துனாரு பாருங்க ஒரு அழுத்து, பட்டன் போன்ல அழுத்துன அதே பலத்தோட, விடவே இல்ல, அது வீடியோ ஓடிருச்சு. அந்த வகையில சேர்ந்த ரெண்டு செகண்டு மூணு செகண்டு வீடியோ மட்டும் போன வாரம் நூத்தி பன்னெண்டு அழிச்சேன். எல்லாத்துலயும் தரை, வேட்டி, அப்புறம் "எடுத்துருச்சா இல்லையா"ங்குற குரல்.

அம்மாவுக்கும் அதே மாதிரி ஒரு போன் குடுத்திருந்தேன், அவ கதை வேற. அம்மா தொட்டா போனுக்குத் தெரியவே தெரியாது. தடவுறா, தட்டுறா, குத்துறா, ம்ஹூம். "ஒங்கப்பா தொட்டா மட்டும் வேலை செய்யுது, இதுவுமா ஆம்பளைக்கு அடங்கும்"னு கோவம் வேற. விசயம் என்னன்னா அந்த ஸ்க்ரீன் அழுத்தத்தை பாக்கறது இல்ல, வெரல்ல இருக்குற ஈரப்பதத்தால கொஞ்சூண்டு மின்சாரம் கடத்துமே அதைத்தான் பாக்குது. வயசானா தோலு காஞ்சு போகும், அதுல அம்பது வருசமா பாத்திரம் தேச்ச கை. அம்மாவே ஒரு வழி கண்டுபுடிச்சா, குடத்துத் தண்ணியில வெரலைத் தொட்டுட்டு வந்து தொடுறது. வேலை செஞ்சுது, ஆனா எனக்கு பகீர்னு இருந்துச்சு. அப்புறம் செட்டிங்ஸ்ல போயி சவுண்டு கூட்டுற பட்டனை அழுத்துனா போட்டோ எடுக்குற மாதிரி வச்சுக் குடுத்தேன், அது நெசமான பட்டன், அழுத்துனா அழுந்தும். அன்னையிலேர்ந்து அம்மா கோலம் போட்டா ஒண்ணு, முருங்கை பூத்தா ஒண்ணுன்னு எடுத்துத் தள்ளுறா. வீட்ல பெரியவங்க இருந்தா இதை முதல்ல செஞ்சு குடுங்க, நான் மூணு வாரம் கழிச்சு செஞ்சேன்.

செல்ஃபி எடுக்க நானும் எம்பொண்ணும் படாத பாடு பட்டு அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தோம். முன் கேமராவைத் தொறந்ததும் "ஐயோ மூக்கு என்னடி இவ்ளோ பெருசு"ன்னா. கைநீளம் தூரத்துல வச்சு எடுத்தா முன்னாடி இருக்குற மூக்கு பெருசாத்தான் தெரியும். சரின்னு ஒண்ணு எடுத்துட்டா, எடுத்த படத்தைப் பாத்துட்டு அடுத்த பஞ்சாயத்து, மூக்குத்தி பக்கம் மாறிடுச்சாம். எடுக்குறப்ப கண்ணாடி மாதிரி காட்டும், சேவ் ஆகுறப்ப எதிர்ல நிக்கிறவங்க பாக்குற மாதிரி திருப்பிடும். அம்மா அறுபத்தெட்டு வருசமா தன் மூஞ்சியைக் கண்ணாடியில மட்டுமே பாத்தவ, "நீங்கள்லாம் என்னை இந்தப் பக்கத்துலேர்ந்தா பாக்குறீங்க?"ன்னு கேட்டா. இதுல அந்த அழகுபடுத்துற ஃபில்டர் வேற தானா ஆன் ஆகி இருந்துச்சு, சுருக்கம் எல்லாம் போயி மாவு பூசுன மாதிரி. அம்மாவுக்குப் புடிக்கல. ஏன் புடிக்கலன்னா அவ கணக்கே வேற, "மாலை போட்டு மாட்டுற படத்துக்கு இது ஆகாதுடி, பாக்குறவங்களுக்கு நாந்தான்னு தெரிய வேணாமா?"

இது விளையாட்டுப் பேச்சு இல்ல. எங்க அப்பாயிக்கு போட்டோவே கெடையாது. யாரோட கல்யாண ஆல்பத்துலயோ பந்திக்குப் பின்னாடி நின்ன தலையை மட்டும் வெட்டி எடுத்து, கும்பகோணத்து ஸ்டூடியோவுல குடுத்து, உடம்பு, பொடவை, நாற்காலி எல்லாம் அவங்களே வரைஞ்சு பெருசு பண்ணிக் குடுத்தாங்க. அப்பாயி ஜென்மத்துல உக்காராத நாற்காலி அது. அம்மாவுக்கு அந்தப் படத்தைப் பாத்தாலே ஆகாது.

பங்குனியில மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயில் வெண்ணெய்த்தாழித் திருவிழாவுக்கு அம்மா போனோட போனா. ஜனங்க சாமி மேல வெண்ணெய் வீசுவாங்கல்ல, அந்தக் கூட்டத்துல நின்னு நாப்பது போட்டோ. வீட்டுக்கு வந்து பாத்தா எல்லாம் ஒரே பால் வண்ணம், சாமியைச் சுத்தி ஒளிவட்டம். "பாத்தியா, கடாட்சம்"ங்கிறா அம்மா. லென்ஸைத் தடவிப் பாத்தேன், வெண்ணெய். முந்தானையால தொடைச்சேன், கடாட்சம் போயிடுச்சு, அம்மா அன்னைக்கு ராத்திரி வரைக்கும் எங்கூட சரியாப் பேசல. ஆனா நெசமா சொல்றேன், அப்பா போட்டோ மங்கலா வருது, போன் பழசாயிடுச்சு போலன்னு புதுசு வாங்க நெனைக்கிறவங்க முதல்ல அந்த லென்ஸை ஒரு தடவை தொடைங்க. பாதி வீட்ல பிரச்சனை அம்புட்டுதான்.

இப்ப அப்பாகிட்ட வரேன்.

ஆவணியில பயிர்ல இலை வெள்ளை வெள்ளையா கோடு விழுந்துருக்குன்னு ஒரு இலையை எடுத்து மருந்துக்கடைக்கு அனுப்பியிருக்காரு. அங்கேர்ந்து "வரப்பு நல்லா தெரியுது, இலை தெரியல"ன்னு பதில். மெல்லிசான பொருளைக் காட்டுனா கேமரா அதை விட்டுட்டு பின்னாடி இருக்குறதுல ஃபோகஸ் போட்டுரும். கிட்ட கொண்டு போனா இன்னும் மங்கல், ஏன்னா ஒரு சாணுக்கும் கீழ ரொம்ப நெருங்குனா பெரும்பாலான போன் கேமராவால தெளிவாப் பாக்க முடியாது. நான் போன்ல இதை எல்லாம் வெளக்கிட்டு இருக்கேன், அவரு "ம்... ம்..."ன்னு கேட்டுட்டு வச்சுட்டாரு. மறுநாள் வந்த படத்தைப் பாத்து எனக்கே ஆச்சரியம். இலைக்குப் பின்னாடி தன் எடது உள்ளங்கையை விரிச்சு வச்சு, அந்தக் கையில ஃபோகஸ் விழ வச்சு, எடுத்துருக்காரு. இலை சுருண்டு மடிஞ்சு, உள்ள புழு சொரண்டுன வெள்ளைத் தடம், அது ஒட்டியிருந்த நூலு கூட தெரியுது. கூடவே உள்ளங்கை ரேகையும், கட்டை வெரல்ல பழைய அருவா வெட்டும். இலைச்சுருட்டுப் புழுதான்னு கடைக்காரரு பாத்த உடனே சொல்லிட்டாரு. எனக்கு யாரும் இந்தக் கை வித்தையைச் சொல்லிக் குடுத்ததில்ல.

அப்புறம் மாத்திரை. ஒரு கண்ணுல புரை ஆபரேசன் ஆயிடுச்சு, இன்னொரு கண்ணு பாக்கி. மாத்திரை அட்டையில பேரும் தேதியும் எறும்பு மாதிரி இருக்கும், அதை போட்டோ எடுத்து ரெண்டு வெரலால விரிச்சுப் படிக்கிறாரு. வெள்ளி அட்டையில ஃப்ளாஷ் அடிச்சா ஒண்ணும் தெரியாது, அதனால ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சு வச்சு எடுக்கணும்னு அவரு எனக்குச் சொல்றாரு. பூதக்கண்ணாடி கணக்கா. பஸ் நம்பருக்கும் அதேதான், தூரத்துல வர்ற பஸ்ஸை கேமராவுல பெருசு பண்ணிப் பாத்துட்டு எந்திரிக்கிறது.

அரசு நெல் கொள்முதல் நிலையத்துலயும் படம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா நெல்லை எடுக்க மாட்டாங்க, களத்துல நாலு நாள் காய வச்சு காவல் கெடந்தவனுக்குத்தான் அந்த நம்பரோட அருமை தெரியும். மெஷின்ல 16.4 காட்டுனதை எடுத்து வச்சுருக்காரு, 40 கிலோ சிப்பம் எடை போட்டப்ப தராசை எடுத்து வச்சுருக்காரு. அங்க இருந்த ஒருத்தருக்கு அது புடிக்கல, எதுக்குப் பெரியவரே படம்னு கேட்டிருக்காரு. "பேரப்புள்ளைக்கு அனுப்பத்தான் தம்பி"ன்னு சொல்லிட்டு வந்துட்டாராம். பேரப்புள்ளைக்கு வந்துதான் இருந்துச்சு, அவன் அதுக்கு ஒரு கட்டைவெரல் போட்டிருந்தான்.

இந்த சாட்சி வச்சுக்குற புத்தி எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். 2018 நவம்பர் 16, கஜா புயல். எங்க பக்கம் ஒரே ராத்திரியில தென்னையெல்லாம் சாஞ்சு கெடந்துச்சு. சேதக் கணக்கெடுப்புக்கு ஆள் வர்றதுக்குள்ள வழியை மறிச்சுக் கெடந்த மரத்தை அறுத்து ஒதுக்காம வீட்டை விட்டு வெளிய வர முடியாது, ஒதுக்கிட்டா அங்க மரம் இருந்ததுக்கு என்ன அடையாளம். அப்பா கையில இருந்தது டார்ச் போன். பக்கத்து வீட்டுப் பையன் அவங்க கொல்லையை எடுத்து முடிச்சுட்டு வந்து எங்களுக்கும் நாலு படம் எடுத்தான், அதுக்குள்ள அவன் போன்ல சார்ஜ் தீந்துடுச்சு, கரண்டு வர வாரக்கணக்குல ஆச்சு. அப்பா அதைப் பத்தி பேசுனதே இல்ல.

சொதப்பலும் உண்டு, இல்லாம இல்ல. பேங்க் பாஸ்புக் முதல் பக்கத்தை எனக்கு அனுப்புறதா நெனச்சுட்டு ஊர் பாசன குரூப்புல போட்டுட்டாரு. நூத்தி நாப்பது பேரு. எல்லாருக்கும் அழின்னு கொடுக்குறதுக்குப் பதிலா தன் போன்ல மட்டும் அழிச்சுட்டு நிம்மதியா தூங்கிட்டாரு. அப்புறம் ஆதார், பாஸ்புக் எல்லாம் படம் எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்பவே கூடாதுப்பான்னு சத்தியம் வாங்காத கொறை. வடுவூர் ஏரிப் பறவையை ஜூம் பண்ணி எடுத்தது எல்லாம் கறுப்புப் புள்ளி, அதை அழிக்க விடமாட்டேங்கிறாரு, "அது கூழைக்கடா பாப்பா, எனக்குத் தெரியும்"ங்கிறாரு.

இதெல்லாத்தையும் விட அதிகமா இருந்தது மதகுப் படம்தான். வாய்க்கா மதகுகிட்ட கருங்கல் படி நாலு இருக்கு. தெனம் காலையில போயி அதே எடத்துல நின்னு அதே படியை எடுத்துருக்காரு. ஜூன் 12-ல மேட்டூர்ல தொறந்தா கல்லணைக்கு மூணு நாள்ல வரும், எங்க ஊரு வாய்க்காவுக்கு என்னைக்கு வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. முதல்ல நாலு படியும் காஞ்சு கெடக்குற படமா வருது, ஒரு நாள் நொரையும் சருகுமா கீழ்ப்படியைத் தொடுது, அப்புறம் ஏறுது, நடுவுல தண்ணியை ஊருக்கு ஊரு முறை வச்சு விட்டப்ப எறங்குது, ஐப்பசி மழையில நாலு படியும் காணோம், மதகு ஷட்டரோட பல்லு மட்டும் தெரியுது, மேட்டூரை மூடுற ஜனவரி 28-க்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா படி வெளிய வருது. வெரலால வேகமாத் தள்ளுனா தண்ணி மூச்சு விடுற மாதிரி இருந்துச்சு. குரூப்புல வாய்க்கா கடைசியில வயல் வச்சிருக்குற கடைமடைக்காரங்க தண்ணி வரலன்னு சண்டை போடுறப்ப எல்லாம் அப்பா பதில் பேச மாட்டாராம், அந்தத் தேதிப் படத்தை மட்டும் போடுவாராம்.

நான் அழிக்கல. மெமரி கார்டு ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு வந்தேன்.

கெளம்புறப்ப அம்மா தன் போன்ல ஒண்ணு காட்டுனா. அப்பா மதகுகிட்ட குனிஞ்சு நிக்கிறாரு, தோள்ல துண்டு, ரெண்டு கையாலயும் போனைப் புடிச்சுகிட்டு, முழங்கை ரெண்டையும் விலாவோட ஒட்டி வச்சு, ஆடாம இருக்கணும்னு நான் சொல்லிக் குடுத்த மாதிரியே. பின்னாடியிலேர்ந்து எடுத்தது, முதுகும் வழுக்கையும்தான் தெரியுது. நல்லா இருக்கும்மா, ஆனா மூஞ்சி தெரியலையே, இதை எப்படி மாட்டுறதுன்னு கேட்டேன்.

"அதுக்கு இன்னும் நாள் கெடக்குடி"ன்னுட்டு போனை இடுப்புல சொருகிகிட்டா.