பன்னிரண்டு கொக்கி

1991-ல் நான் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்த சின்னக் கல்லூரியில் பாஸ்கெட்பால் கோர்ட் இருந்தது, போஸ்ட் இருந்தது, வளையமும் இருந்தது. வலைதான் இல்லை. தூத்துக்குடிப் பக்கத்து உப்புக்காற்றில் நூல் வலை மூன்று மாதம்கூடத் தாங்காது. வருடத்துக்கு ஒரு ஜோடி வாங்கத்தான் பணம் ஒதுக்குவார்கள். மொட்டை வளையத்தில் பந்து உள்ளே போனதா, வெளியே உரசிக்கொண்டு போனதா என்று பையன்களுக்குள் தினமும் தகராறு.

என் மனைவி மணப்பாடு என்ற கடலோர மீனவ ஊர்க்காரி. சின்ன வயதிலேயே அவள் அப்பா வலை ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் கோர்ட்டுக்கு வந்தவள், “இதுக்கா இவ்வளவு கவலை?” என்றாள். அடுத்த முறை ஊருக்குப் போனபோது நீல நைலான் நூலோடு திரும்பி வந்தாள். வளையத்தின் அடியில் பன்னிரண்டு கொக்கி. மேலே பன்னிரண்டு வலைக்கண்ணையும் அகலமாக எடுத்து, கீழே வரவரச் சிறிதாக்கினாள். பந்து ஒரு நொடி நின்று விழ வேண்டும், அதற்குத்தான் அடியில் குறுக்கம். இதை நான் சொல்லவில்லை. பந்தைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்து அவளே பிடித்துக்கொண்டாள். நான் ஏணியில் ஏறிப் பதினொன்றை மாட்டிவிட்டு, துருப்பிடித்து வளைந்திருந்த ஒரு கொக்கியை விட்டுவிட்டு இறங்கப் பார்த்தேன். “அதையும் மாட்டுங்க. ஒண்ணு விட்டுப்போச்சுன்னா பக்கத்துக் கண்ணு ரெண்டும் இழுபடும். அங்கதான் முதல்ல கிழியும்” என்றாள் கீழிருந்து.

அணியிலும் பன்னிரண்டு பேர்தான். ஐந்து பேர் ஆடுவார்கள், ஏழு பேர் பெஞ்சில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கண் முழுக்க அந்த ஐவர்மேல்தான். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அதன் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் எங்கள் பெயரும் நிற்க வேண்டும் என்று ஒரே வேகம். பன்னிரண்டாவதாக ஒரு பையன் இருந்தான். இரண்டு சீசன் ஜெர்சி போட்டான். சில நிமிடம்கூட நான் அவனை இறக்கவில்லை. திடீரென்று பயிற்சிக்கு வருவதை நிறுத்தினான். விசாரித்தால், விடியற்காலையில் உப்பளத்தில் வேலை பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வந்து, சாயங்காலம் கோர்ட்டுக்கும் வந்துகொண்டிருந்தான். அவன் உள்ளங்கால் உப்பில் வெடித்திருந்ததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இரண்டு வருடம் அவன் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைக் குடித்திருக்கிறேன். தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல சார்” என்றான். அந்தச் சொல் இன்னும் வலிக்கிறது.

அதற்கப்புறம் ராத்திரிச் செபமாலையில் பையன்கள் பெயரைச் சொல்ல ஆரம்பித்தேன். மாலையின் ஒரு பத்துக்கு, மணிக்கு ஒருவராகப் பத்துப் பேர். மிச்சமிருக்கும் இரண்டு பேருக்கு அடுத்த பத்தில் இடம். மறுநாள் அந்த இரண்டு பேரிலிருந்து தொடங்குவேன். பெயரைச் சொல்லும்போது அவனைப் பற்றி மனதில் ஒன்றுமே வரவில்லை என்றால், மறுநாள் சாயங்காலம் முதலில் அவனோடுதான் பேச வேண்டும் என்பது நானாக வைத்துக்கொண்ட முறை.

மே மாதம் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் பையன்களை வேனில் கூட்டிப்போவேன். ராத்திரி, விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம். ஐ.ஓ.பி., இந்தியக் கடற்படை மாதிரியான அணிகள் ஆடும். எல்லாரும் பந்தைப் பார்ப்பார்கள். நான் பெஞ்சைப் பார்க்கச் சொல்வேன். டைம் அவுட் சொன்னதும் உட்கார்ந்திருந்தவன் எப்படி எழுந்து இடம் கொடுக்கிறான், யாருக்குத் துண்டு நீட்டுகிறான் என்று பார்க்கச் சொல்வேன்.

ஆட்டத்துக்கு முன்னால் வட்டமாக நின்று செபம் சொல்லும் பழக்கம் எங்களுக்கு உண்டு. ஆரம்பத்தில் நானே சத்தமாக ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ சொல்வேன். நெற்றியில் திருநீறோடு ஏரல் பக்கத்துப் பையன் ஒருவன் தலை குனிந்து நிற்பான். ஒரு நாள் தயங்கித் தயங்கி, “சார், எனக்கு முருகன்தான் சார் வாயில வருது. அது தப்பா?” என்றான். எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து ஒரு நிமிடம் மௌனம், அவரவர் சாமியை அவரவர் கூப்பிடலாம். ஜெயிக்க வேண்டும் என்றும் கேட்கக் கூடாது, எதிரணிக்காரனுக்கும் அம்மா இருக்கிறாள். யாருக்கும் அடிபடக் கூடாது, அதை மட்டும் கேட்போம். சிமெண்டுத் தரையில் முட்டி தேய்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நோன்பு மாதத்தில் காயல்பட்டினத்துப் பையன் ஒருவனுக்காகப் பயிற்சியை நோன்பு திறந்த பிறகு என்று மாற்றினேன். ஃபுட்பால் ஊர்க்காரன், கால் அப்படி நகரும். தூக்குவாளியில் அவன் கொண்டுவரும் நோன்புக் கஞ்சியைப் பன்னிரண்டு பேரும் நானும் குடித்துவிட்டுத்தான் பந்தை எடுப்போம்.

நான் படித்தது சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1920-ல் அதைத் தொடங்கிய ஹாரி குரோ பக், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். அங்கேதான் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நைஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை மாட்டிப் பதினெட்டு மாணவர்களை ஆடவைத்தார். நைஸ்மித் இறையியல் படித்தவர். கூடைகளை மாட்டிய மாடத்தின் உயரம் பத்தடி. இன்றைக்கும் வளையம் 3.05 மீட்டரில், அதே பத்தடியில்தான் நிற்கிறது. பின்னாளில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவர் பயிற்சி கொடுத்த அணி 55 ஆட்டம் ஜெயித்து 60 ஆட்டம் தோற்றது. ஆட்டத்தையே உண்டாக்கியவருக்கு இந்தக் கணக்கு. தோற்றுவிட்டுப் பஸ்ஸில் திரும்பும் ராத்திரிகளில் பையன்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

வீட்டில் நான் செய்த தவறையும் எழுத வேண்டும். 2004-ல் மகளுக்குப் புது நன்மை, கோவிலில் முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள். ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கே வெளியூரில் அரையிறுதி. பூசை முடிவதற்குள் வந்துவிடலாம் என்று கிளம்பினேன், வரவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு வந்தபோது வெள்ளை ஃபிராக்கோடு, தலையில் பூமுடியோடு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். “அப்பா பாக்காம கழட்ட மாட்டேன்னுட்டா” என்றாள் மனைவி. வேறு ஒன்றும் சொல்லவில்லை. என் பன்னிரண்டு பேர் கணக்கில் அவள் எந்த இடத்தில் இருந்தாள்? அன்று செபமாலையைக் கையில் எடுத்தேன், வார்த்தை வரவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து சாயங்காலம் அவளையும் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனேன். ஸ்கோர் ஷீட் எழுதக் கற்றுக்கொண்டாள். இரண்டு புள்ளிக்குச் சாய்கோடு, ஃப்ரீ த்ரோவுக்கு மை நிரப்பிய புள்ளி, மூன்று புள்ளி போட்டவனின் நம்பரைச் சுற்றி வட்டம். பள்ளிக்கூட நோட்டைவிட அதைச் சுத்தமாக எழுதுவாள். 2010-ல் மூன்று புள்ளிக் கோட்டை 6.25 மீட்டரிலிருந்து 6.75-க்குத் தள்ளினார்கள். எங்கள் கோர்ட்டில் அதை வரைந்தது நாங்கள் மூன்று பேர். எண்ட் லைனிலிருந்து 1.575 மீட்டரில், வளையத்துக்கு நேர் கீழே, கயிற்றின் ஒரு முனையைக் குதிகாலால் மிதித்துக்கொண்டு மகள் நின்றாள். மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி நான் குனிந்தபடி வளைவாக நடந்தேன். பின்னாலேயே மனைவி வெள்ளைப் பெயிண்டும் பிரஷ்ஷுமாக வந்தாள். “அப்பா, கயிறு தொய்யுது, இழுத்துப் பிடிங்க” என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

2023-ல் ஓய்வு பெற்றேன். கோப்பைகள் அதிகமில்லை. காலைப் பூசை முடிந்து திரும்பும்போது கோர்ட் வழியாகத்தான் வருவேன். இப்போதிருக்கும் பி.டி. சார் என்னிடம் படித்தவர், பெஞ்சில் அதிகம் உட்கார்ந்தவர். போன மாதம் கிழக்குப் பக்க வலை ஒரு இடத்தில் விட்டுப்போயிருந்தது. வந்து சொன்னேன். மனைவிக்குப் பார்வை மங்கிவிட்டது, ஆனால் விரலுக்குக் கணக்குத் தெரியும். வாசல் திண்ணையில் உட்கார்ந்து கண் எடுக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் சுற்றிக் கொடுப்பது என் வேலை.