தெலுக் கெமாங் என்று ஒரு தொகுதி இருந்தது

2018ஆம் ஆண்டு மே 9ஆம் தேதி காலையில் வாக்களிக்கக் கிளம்பிய அப்பா, கையிலிருந்த துண்டுச்சீட்டில் தொகுதியின் பெயர் ‘போர்ட்டிக்சன்’ என்றிருந்ததைக் கண்டு, தம் பெயரை யாரோ வேறு தொகுதிக்கு மாற்றிவிட்டார்கள் என்று பதறிப்போனார். ஊர் மாறவில்லை, வாக்களிக்கும் பள்ளிக்கூடமும் மாறவில்லை, தொகுதியின் பெயர்தான் மாறியிருக்கிறது என்று நான் விளக்கிச் சொன்ன பிறகும் அவருக்கு மனம் ஆறவில்லை. “நாப்பத்து நாலு வருஷம் தெலுக் கெமாங்னுதானேய்யா ஓட்டுப் போட்டோம்” என்றார். அந்தக் கணக்கு சரியானது. 1974இல் தமது 21ஆவது வயதில் முதல் வாக்கைப் போட்டவர் அவர். தெலுக் கெமாங் என்ற பெயரில் தொகுதி முதன்முதலாகத் தேர்தலைச் சந்தித்ததும் அந்த ஆண்டில்தான்.

எங்கள் ஊர், மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் உள்ள சுங்காலா. சுவா பெத்தோங் தோட்டத்தை ஒட்டி வளர்ந்த சிறு பட்டணம். இன்று போர்ட்டிக்சன் தொகுதி என்றால் பலருக்கும் அன்வார் இப்ராஹிம் நின்ற 2018 இடைத்தேர்தல் மட்டுமே நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்னிருந்த அரை நூற்றாண்டு, குறிப்பாகத் தோட்டத்து மக்களின் வாக்கோடு கலந்த அந்தக் காலம், பேச்சிலிருந்தே நழுவிக்கொண்டிருக்கிறது. அதை எழுதி வைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதிவு.

1974க்கு முன்பும் இந்தப் பகுதிக்குப் போர்ட்டிக்சன் என்ற பெயரே இருந்தது. 1960களில் ம.இ.கா.வைச் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) சேர்ந்த மஹிமா சிங், அன்று ஆட்சியிலிருந்த ‘கூட்டணி’யின் சார்பில் இதன் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். ஆகவே 2018இல் வந்தது புதுப் பெயரன்று, பழைய பெயரே திரும்பி வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. வரலாற்றுப்படி அது சரிதான். ஆனால் அப்பாவின் தலைமுறைக்கு வாக்குரிமை என்பதும் தெலுக் கெமாங் என்பதும் ஒன்றாகவே இருந்தன.

1974 தேர்தலில்தான் கூட்டணியின் பாய்மரக் கப்பல் சின்னம் போய், அதன் இடத்துக்கு வந்த தேசிய முன்னணியின் தராசுச் சின்னம் வந்தது. பால்மரம் வெட்டியவர்களுக்கு, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்களுக்கு, தராசு அன்றாடம் பார்த்துப் பழகிய பொருள். காலையில் மரம் வெட்டி, கோப்பைப் பாலை வாளியில் சேர்த்து, காண்டாக்கம்பில் தூக்கிக்கொண்டு பால்கொட்டாய்க்குப் போனால், கிராணி (தோட்டத்து எழுத்தர்) அதை நிறுத்து, மெட்ரோலாக் என்ற அளவுகோலை உள்ளே விட்டுப் பாலில் ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக் கணக்கில் எழுதுவார். இரவில் மழை பெய்து பால் தண்ணீராகிவிட்டால் மெட்ரோலாக் காட்டும் அளவு குறைந்துவிடும். அன்றைய உழைப்பில் ஒரு பங்கு போனதுதான். ஒரு ராத்தல் குறைத்து எழுதப்பட்டாலும் கேட்டுவிட முடியாத காலம் அது. அந்த மனிதர்களிடம் கட்சிக்காரர்கள் லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு) வந்து “தராசுக்குப் போடுங்க” என்று கேட்டபோது, நிறுவை நேராக இருக்க வேண்டும் என்ற ஆசையோடுதான் நாங்கள் போட்டோம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் அதைச் சொன்னபோது குரலில் கசப்பு இல்லை. எனக்குத்தான் அந்த வார்த்தை இன்றுவரை உறுத்துகிறது.

1974இல் வென்றவர் கே. பத்மநாபன். தொழிலாளர் அமைச்சிலும் பின்னர் சுகாதார அமைச்சிலும் துணையமைச்சராக இருந்த அவர், 1990 வரை இத்தொகுதியை வைத்திருந்தார். பதினாறு ஆண்டுகள் ஒரே உறுப்பினர் என்பதால், எங்கள் தோட்டத்துக் கிழவிகளுக்கு ‘எம்பி’ என்றாலே அவர் முகம்தான். அவருக்குப் பின், 1990களில், கல்வித்துறைப் பேராசிரியரான டி. மாரிமுத்து உறுப்பினராக இருந்தார். 1999 பொதுத் தேர்தலில் எஸ். ஏ. அன்பழகன் வந்தார், சில மாதங்களிலேயே அவர் காலமானதால், 2000 ஜூன் 10ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. துணைப்பிரதமராக இருந்த அன்வார் 1998இல் பதவி நீக்கப்பட்ட கொதிப்பு அடங்காத நேரம் அது. கெஅடிலான் கட்சியின் ருஸ்லான் காசிம் களத்தில் நின்று கடும் போட்டி தந்தார். ம.இ.கா.வின் எஸ். சோதிநாதன் வென்றார்.

இந்தத் தொகுதியின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் நிகழ்ச்சி எந்தத் தேர்தலிலும் நடந்ததன்று. 2005இல், கிரைமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை அரசாங்கம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அங்கே படித்துக்கொண்டிருந்த மலேசிய மாணவர்களில் நம் பிள்ளைகள் ஏராளம். நிலத்தையும் நகையையும் விற்றுப் பிள்ளையை டாக்டருக்கு அனுப்பிய குடும்பங்கள் அவற்றில் இருந்தன. அப்போது துணையமைச்சர் பொறுப்பிலிருந்த சோதிநாதன், அரசாங்கத்தின் ஓர் அங்கமாக இருந்துகொண்டே, மக்களவையில் அம்முடிவைக் கேள்விகேட்டவர்களின் பக்கம் நின்று பேசினார். அதற்காக அவர் மூன்று மாதங்களுக்குப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். அந்த வாரம் எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் தமிழ்ப் பத்திரிகை கைமாறிக் கைமாறிக் கிழிந்துபோனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாக்கு கேட்டு வந்தவர் அவையில் நமக்காகப் பேசினார், அதற்கு விலையும் கொடுத்தார் என்ற பெருமிதத்தை அன்று பெரியவர்களின் முகத்தில் பார்த்தேன். தெலுக் கெமாங் என்ற பெயரைச் சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காட்சிதான்.

ஆனால் அந்தப் பேச்சும் 2008இல் அவரைக் காப்பாற்றவில்லை. முந்தைய நவம்பர் 25ஆம் தேதி, இந்தியர்களின் உரிமை கேட்டு ஹிண்ட்ராஃப் பேரணி நடந்திருந்தது; தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, பால்மரம் போய் முழுக்கச் செம்பனையாகிவிட்ட நிலையில், பழைய விசுவாசத்துக்கு வேர் பிடிக்க மண் இல்லை. மார்ச் 8ஆம் தேதி, பழைய கெஅடிலானின் தொடர்ச்சியான பிகேஆர் கட்சியின் கமாருல் பஹாரின் அப்பாஸ் வென்றார். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரும் கலந்து வாழும் தொகுதியில் இந்தியர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அந்தப் பங்கு ஒருபக்கமாகச் சாய்ந்தபோது முடிவு மாறியது. 2013இல் ம.இ.கா. வி. எஸ். மோகனை நிறுத்தியும் தொகுதியை மீட்க முடியவில்லை. தெலுக் கெமாங் என்ற பெயரில் நடந்த கடைசித் தேர்தல் அதுதான். விரலில் அழியா மை வைத்த முதல் பொதுத் தேர்தலும் அதுவே. அம்மா வாக்களித்துவிட்டு வந்து பாத்திரம் கழுவியதும் மை மங்கிப்போய், விரலை என்னிடம் நீட்டிக் காட்டினார்.

2018 மார்ச் மாத இறுதியில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட எல்லைச் சீரமைப்பில் பெயர் மாறியது. அதே சீரமைப்பில் போர்ட்டிக்சன் சட்டமன்றத் தொகுதி ஸ்ரீ தஞ்சோங் ஆயிற்று. மே மாதத் தேர்தலில், கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற டேன்யல் பாலகோபால் அப்துல்லா 17,710 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார். செப்டம்பரில் அன்வாருக்கு வழிவிட்டுப் பதவி விலகினார். அக்டோபர் 13ஆம் தேதி நடந்த இடைத்தேர்தலில் எழுவர் நின்றார்கள். தேசிய முன்னணி புறக்கணித்தது. முன்னாள் மந்திரி பெசார் (மாநில முதல்வர்) இசா சமாட் சுயேச்சையாக நின்று 4,230 வாக்குகள் மட்டுமே பெற்றார். அன்வாருக்கு 31,016 வாக்குகள், பெரும்பான்மை 23,560. பின்னாளில் பிரதமரானவரை அனுப்பிய தொகுதி என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி உண்டு. ஐந்து மாதத்தில் உறுப்பினரை மாற்றுவதற்கு எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற வருத்தமும் உண்டு. 2022இல் அன்வார் தம்புன் தொகுதிக்குப் போய்விட, இங்கே ம.இ.கா.வின் பி. கமலநாதன் முதலானோரை எதிர்த்து, அப்போது மந்திரி பெசாராக இருந்த அமினுடின் ஹருன் நின்று வென்றார்.

இப்போது தெலுக் கெமாங் என்ற பெயரை நாடு முழுவதும் கேட்பது ரமலான் பிறை பார்க்கும் இரவுகளில்தான். அந்தக் கடற்கரையில் பிறை பார்க்கும் நிலையம் இருப்பதால், அறிவிப்பில் அதன் பெயரும் வரும். தொலைக்காட்சியில் அது காதில் விழும்போதெல்லாம் அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, “நம்ம தொகுதி” என்கிறார்.